மூணடிச் சந்து

சவரி மாமா மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததுதான் டேவிட்ராஜை உறுத்தியது. எவனாவது அப்படிப் போடுவானா? பக்கத்து வூட்டு முருங்கைக்கிளை இந்தப் பக்கம் சாய்ந்தாலே ஆள் கூட்டி நியாயம் பேசுகிற தெரு அது.

விஷயம் இதுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப்போக டேவிட்ராஜ் ஒரு வேன் வாங்கியிருந்தான். வூட்டை ஒட்டின கார் ஷெட்டுக்குள் அது நுழையவில்லை. தெருவில் நிறுத்தினால் எவனோ கண்ணாடியை உடைத்துவிட்டுப் போகிறான். இன்னொரு தடவை வண்டி வராமல் போனால் வேறு வேன் பார்த்துக்கொள்வோம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். ஷெட்டை அகலப்படுத்த ஒரே வழி, பக்கத்து வூட்டை ஒட்டித் தன் மனைக்குள் காற்று வெளிச்சத்துக்காகச் சட்டப்படி காலியாக விட்டிருந்த மூணடிச் சந்தையும் சேர்த்துக்கொள்வது. பாப்பிரெட்டிப்பட்டி பேரூராட்சி ஆபீசில் விதிவிலக்குக் கேட்டு மனுப் போட்டான். பக்கத்து வூட்டுக்காரர் சம்மதம் வேண்டும், அப்புறம் நேரில் வந்து பார்க்கிறேன் என்றார் ஓவர்சியர் அமுதவல்லி.

பக்கத்து வூடு சவரி மாமாவுடையது. டேவிட்ராஜின் மனையையே அவர்தான் அவன் அப்பாவுக்கு விற்றவர்.

"வித்த மனுசன் இவ்வளவு லேசா வுட்டுக் குடுப்பாரா பிளசி? உள்ள என்னமோ இருக்குது."

"ஆமா, புதையல் இருக்குது. சோறு ஆறுது, வாங்க" என்றாள் அவன் மனைவி.

அவளுக்குச் சிரிப்பு. ஆனால் மாமாவின் மனைவி ஜெயராணி அத்தை அன்றிலிருந்து சாயங்காலமானால் சந்துக்குள் வந்து நிற்பதை அவள் பார்க்கவில்லையே. சந்தில் அத்தை வைத்த கனகாம்பரம் எப்போதும் உண்டு. பிளசிக்கும் பூக் கிடைத்ததால் யாரும் ஒன்றும் சொன்னதில்லை. இப்போதோ செடிக்குப் பின்னால் மெழுகுவத்தி எரிகிறது. மறுநாள் ஒரு பூமாலை. அதற்கடுத்த நாள் மாமாவும் வந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒரே இடத்தைப் பார்த்தபடி நின்றார். டேவிட்ராஜ் பாத்ரூம் ஜன்னல் வழியாகக் கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்தான்.

அவனுக்குப் பொறி தட்டியது. மாதாவுக்குக் கெபி, அதுதான் குகை மாதிரி சின்னக் கோயில், கட்டப் போகிறார்கள். அவன் பெரியப்பா ஊரில் இப்படித்தான் ஒருத்தன் ராத்திரியோடு ராத்திரியாக மாதா சொரூபத்தைக் கொண்டுவந்து வைத்தான். விடிந்ததும் ஊர்ச்சனம் ஜெபமாலையோடு வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த இடத்தில் இன்றுவரை எவனும் கை வைக்க முடியவில்லை. கையெழுத்தையும் போட்டுவிட்டு மாதாவையும் வைத்துவிட்டால் பழி யார் தலையில் விழும்? அடப்பாவி மனுசா, நல்லவன் வேஷமா போடுகிறாய் என்று கறுவிக்கொண்டான்.

ஓவர்சியர் வருகிற அன்று காலையில் மண்வெட்டியை எடுத்தான். கனகாம்பரத்தை வேரோடு பிடுங்கி, மெழுகுத் துண்டுகளோடு வாரி ரோட்டோரம் கொட்டினான். மண்ணை மட்டம் தட்டினான்.

அமுதவல்லி டேப்போடு வந்தார். மாமாவும் அத்தையும் வேலியோரம் நின்றார்கள்.

"உங்களுக்கு ஆட்சேபணை எதும் இருக்குதுங்களா?"

"இல்லீங்க மேடம்" என்றார் மாமா. அத்தை வெறும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டேவிட்ராஜால் பொறுக்க முடியவில்லை. "அப்பறம் எதுக்குங்க அத்தை மெழுகுவத்தி? மாதாவ வெச்சு எடத்தப் புடிக்கலாம்னா? மேடம் முன்னாலயே சொல்லுங்க."

"எடம் எங்களுக்கு எதுக்குப்பா" என்றாள் அத்தை. "எம் பொண்ணு அங்க படுத்திருக்கறா."

டேப் சுருளுக்குள் போகிற சத்தம் கேட்டது.

"மொதப் புள்ள. ராத்திரி பொறந்தா, விடியறதுக்குள்ள போயிட்டா. ஞானஸ்நானம் குடுக்கல. கல்லறைத் தோட்டத்துல எடம் இல்லைன்னு பெரியவங்க சொல்லிட்டாங்க. மாமாதான் இங்க குழி வெட்டுனாரு. அதச் சொன்னா உங்கப்பா மனை வாங்கியிருப்பாரா? மறைச்சது எங்க தப்புதான். அந்த மூணடியில எவனும் கட்ட முடியாதுன்னாங்க. அந்தத் தைரியத்துல இருந்துட்டோம்."

"அப்ப ஏன் கையெழுத்துப் போட்டீங்க?" அவன் குரல் இறங்கிவிட்டது.

"வேன் ஓடலைன்னா உம் புள்ளைங்க என்ன சாப்பிடும்?" என்றார் மாமா. அத்தை, "அவகிட்ட சொல்லிட்டுப் போகத்தான் தெனமும் வந்தேன்" என்றாள்.

அமுதவல்லி மெதுவாக, "நான் என்னன்னு எழுதட்டுங்க?" என்று கேட்டார்.

"மனுவ வாபஸ் வாங்கிக்கறேங்க. அந்த மூணடி அப்படியே இருக்கட்டும்." வேன் தெருவில்தான் நின்றது. அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ரோட்டோரம் போனான். ஆடு தின்றது போக நாலைந்து செடி வேரோடு கிடந்தது. வாடியிருந்தாலும் பிழைக்கும். எடுத்து வந்து, அத்தை காட்டின இடத்தில் மண்வெட்டியை ஓங்கினான்.

"ஆழமா வெட்டாதப்பா" என்றாள் அத்தை.

அவன் மண்வெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, மண்டி போட்டுக் கையால் மண்ணைப் பறித்தான்.