அம்மிணிக்கும் நாணுவுக்கும் ஓர் இடம்

எங்கள் வீட்டிலிருந்து எதுவும் வெறுங்கையோடு வெளியே போனதில்லை. பெண்கள் போனபோது பாத்திரங்களோடு போனார்கள். பசுவைக் கொடுத்தபோது கழுத்து மணியோடும் வைக்கோல் கட்டோடும் கொடுத்தோம். பூனைகளைக் கொடுக்க வேண்டிய காலம் வந்தபோது அவற்றுக்கும் அதே முறைதான் என்று நான் தீர்மானித்தேன். அதில் யாரும் சிரிக்க ஒன்றுமில்லை.

மலையாளச் சீமையில், கோட்டைக்குள் இருந்த எங்கள் வீடு கைமாறிவிட்டது. ஏஜீஸ் ஆபீஸில் கணக்கு உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பியும் போன பிறகு அந்த வீட்டில் நானும் அம்மிணியும் நாணுவும்தான். அம்மிணி வெள்ளை, பதின்மூன்று வயது, ஒரு கண்ணில் படலம் விழுந்திருந்தது. நாணு சாம்பல் நிறக் கடுவன், அவளுக்கு இரண்டு வயது இளையவன். தம்பி மகன் கௌசிக் டெல்லிக்குப் பக்கத்தில் வேலையாக இருக்கிறான். என்னைத் தன்னோடு அழைத்துப் போக வந்திருந்தான். அவன் மனைவி திவ்யலட்சுமிக்குப் பூனை ரோமம் பட்டால் மூச்சு இழுக்கும். ஆகவே நாங்கள் ரயிலேறுவதற்குள் இரண்டுக்கும் ஓர் இடம் பார்த்தாக வேண்டும்.

நான் சொந்தக்காரர்களை மனத்தில் ஒவ்வொருவராக எடை போட்டுக்கொண்டிருந்தபோதே கௌசிக் போனை நீட்டினான்.

"அத்தை, தெரு வாட்ஸாப் குரூப்ல போட்டேன். நிறைய ரெஸ்பான்ஸ் வரது, கேட்டேளா."

அம்மிணியின் படம் இருந்தது. கீழே, வயதான இரண்டு பூனைகளுக்கு யாராவது இரக்கப்பட்டு வீடு தர வேண்டும் என்று எழுதி, என் பெயரையும் வீட்டு எண்ணையும் போட்டிருந்தான்.

"எடு அதை."

"எதை?"

"ஊர் முழுக்க என் பேரைச் சொல்லிப் பிச்சை கேட்டிருக்கியே, அதை."

"பிச்சை இல்லை அத்தை. எல்லாரும் இப்படித்தான் பண்றா. வயசான பூனையை வேற எப்படிக் குடுக்கறது?"

"எல்லாரும் பண்றதை இந்த ஆத்துல பண்றதில்லை."

எடுத்தான். ஆனால் அதற்குள் பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள். சாயங்காலம் ஷிஜா வந்து நின்றாள். அவள் புருஷன் பிரவின்ராஜ் தம்பானூரில் ஒரு ஓட்டலில் சமையல். நாகர்கோவில் பக்கத்து ஆட்கள். எங்கள் கொல்லைச் சுவருக்குப் பின்னால் உள்ள சந்தில் ஓர் அறை வாடகைக்கு எடுத்திருந்தார்கள்.

"மாமி, வாட்ஸாப்புல கண்டேன். ரெண்டையும் நான் வச்சுக்கிடுதேன். நமக்குத் தெரிஞ்ச பூனைதானே."

"ஒரே ரூம்ல நீங்க நாலு பேர் இருக்கேள்."

"பூனைக்குத் தனி ரூம் எதுக்கு மாமி? அது என்ன படிக்கவா போகுது?"

"மீன் சமைக்கற வீடு."

அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "மீனு வேண்டாம்னு பூனை மாமிட்ட சொல்லிச்சா?"

"எங்காத்துப் பூனை தயிர்சாதம்தான் சாப்பிடும்."

"பகல்ல," என்றாள் ஷிஜா.

கௌசிக் சிரித்துவிட்டான். நான் கதவைச் சாத்தினேன்.

அனந்தபத்மநாபன் என் சித்தப்பா மகன். எங்கள் வீட்டில் தங்கித்தான் காலேஜ் படித்தான். பாங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்று, பேரூர்க்கடையில் தோப்பும் துரவுமாக வீடு கட்டியிருக்கிறான். ஒரே பெண். அவளுக்கு வரன் கூடி வந்து, மாப்பிள்ளை வீட்டார் பேசி முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லி எனக்கும் அழைப்பு இருந்தது. அன்றைக்கே பூனைகளைக் கொண்டுபோவது என்று முடிவு செய்தேன். நாலு பேர் முன்னால் கொடுப்பதுதான் கொடுப்பது. வாங்குகிறவனுக்கும் அதுதான் கௌரவம்.

மூங்கில் கூடையில் இரண்டும் இருந்தன. ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, தேங்காய், மூட்டையில் நல்ல பச்சரிசி, அம்மாவின் பெயர் பொறித்த வெள்ளிக் கிண்ணம். அம்மிணி குட்டியாக வந்த நாள் முதல் அந்தக் கிண்ணத்தில்தான் பால் குடித்தாள்.

கூடத்தில் சம்பந்தி அம்மாள் உட்பட எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் தாம்பாளத்தை நீட்டினேன்.

"அனந்தா, ரெண்டு பேரையும் உன்கிட்ட ஒப்படைக்கறேன். உன்னை வளர்த்த வீட்டுல வளர்ந்ததுகள்."

அவன் தன் மனைவி பத்மஜாவை ஒருமுறை பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

"இதைக் கேக்கணுமா அக்கா? என் பாக்கியம்."

"பெரிய மனசு," என்றாள் சம்பந்தி அம்மாள். அவன் நெஞ்சு நிமிர்ந்ததை நான் பார்த்தேன். திரும்பி வரும்போது ஆட்டோவில் கூடை இல்லாததால் என் மடி லேசாக இருந்தது. மனம் மட்டும் நிறைந்துதான் இருந்தது, பொய் சொல்வானேன்.

அதன்பின் கௌசிக் அவ்வப்போது போனில் ஒரு படம் காட்டுவான். தோட்டத்தில் ஒரு செம்பருத்திச் செடியடியில் இரண்டும் உட்கார்ந்திருக்கும். "பாருங்கோ, சுகமா இருக்குகள்." நான் பார்த்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூட்டை கட்டும் வேலைக்குத் திரும்புவேன்.

பயணத்துக்கு முந்தின நாள் யாரிடமும் சொல்லாமல் பேரூர்க்கடைக்குப் போனேன். கடைசியாக ஒருமுறை தொட்டுவிட்டு வர வேண்டும் என்று தோன்றியது. பத்மஜா கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். பிறகு வழிவிட்டாள்.

"வாங்கோ அக்கா. சொல்லாம வந்துட்டேளே."

கூடத்து மேஜையில் வெள்ளிக் கிண்ணம் பளபளவென்று தேய்த்து வைக்கப்பட்டிருந்தது. நிறையக் கல்கண்டு.

"எடுத்துக்கோங்கோ அக்கா."

"இது அம்மிணி கிண்ணம்."

"நன்னா புளி போட்டுத் தேச்சுட்டேன். வெள்ளிக்கு தோஷம் இல்லையே அக்கா."

"கிண்ணம் இங்கே இருக்கு. அவ எதுல குடிக்கறா?"

பத்மஜா உள்பக்கம் பார்த்து, "ஏன்னா" என்று புருஷனைக் கூப்பிட்டாள். அனந்தன் வேட்டியை இறுக்கிக்கொண்டே வந்தான்.

"ரெண்டும் ஓடிப் போயிடுத்து அக்கா. எங்கெல்லாமோ தேடினோம்."

"அம்மிணிக்கு மாடிப்படி ஏற முடியாது. எங்க ஓடினா?"

வாசலில் டிரைவர் ஜினு காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் வெளியே போய் அவனிடம் மலையாளத்தில் கேட்டேன். அவன் முதலாளியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கையிலிருந்த துணியைப் பிழிந்தான்.

"கல்லாறு அம்மா. பொன்முடி போகிற வழி. கடைகள் உள்ள இடமாகப் பார்த்து விடு, பட்டினி கிடக்காது என்று சார் சொன்னார்."

அனந்தன் என் பின்னால் வந்து நின்றிருந்தான். "அக்கா, சம்பந்தி வீட்டுக்காரா வந்து போற நேரம். சகுனம் பாக்கறவாளா இருந்தா? வாசல்ல பூனை குறுக்கே போனா என்ன ஆறது? பொண்ணு காரியம்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"எப்படி அக்கா சொல்வேன்? அத்தனை பேர் முன்னால தாம்பாளத்தோட வந்து நின்னேளே. உங்களை இல்லைன்னு சொல்ல முடியுமா?"

நான் கௌசிக்குக்கு போன் செய்தேன்.

"உனக்குத் தெரியுமா?"

"சித்தப்பா மறுநாளே சொன்னார் அத்தை. உங்களுக்குத் தெரிஞ்சா உறவு முறிஞ்சுடும், கல்யாண வீடு, வெளியில தெரிஞ்சா குடும்பத்துக்கு அசிங்கம்னு..."

"அந்தப் படம்?"

"நீங்க அங்க கொண்டு விட்ட அன்னைக்கு எடுத்தது."

போனை வைத்தேன். ஜினுவிடம் காரை எடுக்கச் சொன்னேன். யாருடைய கார் என்று யாரும் கேட்கவில்லை.

நெடுமங்காடு தாண்டி, விதுர தாண்டிப் போனோம். இடையில் ஜினு, "எனக்கும் வீட்டில் ஒன்று உண்டு அம்மா," என்றான். "பின்னே எப்படி விட்டே?" என்று கேட்டேன். அவன் கண்ணாடியில் என்னைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டான்.

கல்லாற்றில் மலைக்குப் போகிற வண்டிகள் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தன. நாலைந்து கடைகள், கீழே ஆறு. ஜினு காட்டிய கடை சற்குணத்துடையது. பொன்முடி எஸ்டேட்டின் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து இறங்கி வந்து கடை போட்ட தமிழர். நான் கேட்டதும் பாய்லரை விட்டு வெளியே வந்தார்.

"உங்களுதாம்மா அது? சாம்பல் இருக்கு. கடைக்குப் பின்னாடி விறகுக்கு நடுவுல கெடக்கும். மொத நாளே எங்க நாயைப் பிராண்டிருச்சு. கெட்டிக்காரப் பய."

"வெள்ளை?"

அவர் தோள் துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார்.

"அது எங்கயும் போகல. எறக்கி விட்ட எடத்துலயே உக்காந்திருந்துச்சு. சோறு வச்சேன், மோந்து பாக்கல. காரு சத்தம் கேட்டா எந்திரிச்சு ரோட்டுக்கு வரும். நானும் ரெண்டு மூணு வாட்டி தூக்கி உள்ள விட்டேன். கண்ணும் சரியில்லையோ என்னமோ." சாலையைப் பார்த்தார். "டூரிஸ்ட் வண்டிங்க. அடிச்சவன் நிக்கக்கூட இல்ல. நான்தான் எடுத்து ஆத்து மேட்டுல பொதைச்சேன். காட்டட்டுமா?"

"வேண்டாம்."

அவள் எந்த வண்டிக்காக எழுந்து வந்தாள் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

விறகுக் கட்டைகளுக்கு முன்னால் நின்று நாணுவைக் கூப்பிட்டேன். இரண்டாம் முறை கூப்பிட்டபோது வந்தான். காது கிழிந்திருந்தது. என் காலைச் சுற்றவில்லை. சற்றுத் தள்ளி உட்கார்ந்து என்னையே பார்த்தான். நான்தான் குனிந்து எடுத்தேன். என் வயதில் அப்படிக் குனிவது எளிதில்லை. சற்குணம் எனக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்தார். குடித்தேன்.

கோட்டைக்கு வந்ததும் காரை எங்கள் தெருவில் நிறுத்தச் சொல்லவில்லை. பின்சந்துக்குப் போகச் சொன்னேன். அந்தச் சந்தில் நான் அதுவரை கால் வைத்ததில்லை. ஷிஜா வாசலில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"மாமியா? வழி தெரிஞ்சுதா?"

"இவனை வச்சுக்க முடியுமா?"

"ஒண்ணுதானே இருக்கு. அம்மிணி எங்க?"

"இல்லை."

"இல்லைன்னா?"

"இல்லை, ஷிஜா."

அவள் களைந்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினாள்.

"அன்னைக்கு நான் வந்து கேட்டேன்," என்றாள்.

"ஆமாம்."

"மாமி கதவைச் சாத்தினீங்க."

"ஆமாம்."

இதற்குமேல் அவள் என்ன சொல்லியிருந்தாலும் நின்று கேட்டிருப்பேன். அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நாணுவை வாங்கினாள். "காதுக்கு மருந்து போடணும்," என்றாள், என்னிடமல்ல, அவனிடம். உள்ளே போய்க் கதவை மெல்லச் சாத்திக்கொண்டாள். முகத்தில் அறையவில்லை, பூனை வெளியே ஓடிவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

மறுநாள் தம்பானூர் ஸ்டேஷனுக்கு வழியனுப்ப அனந்தன் குடும்பத்தோடு வந்தான். வராமல் இருந்தால் நாலு பேர் கேட்பார்கள் அல்லவா. கூடவே சம்பந்தி அம்மாளும் வந்திருந்தாள். அவர்கள் வீடு பக்கத்தில்தான். பத்மஜா புளியோதரைப் பொட்டலத்தைக் கௌசிக்கின் கையில் கொடுத்தாள். என் கையில் கொடுக்க அவளுக்குத் துணிவில்லை.

சம்பந்தி அம்மாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமி, உங்க பூனைகள் எப்படி இருக்கு? அன்னைக்கு அந்த வெள்ளையைப் பாத்ததுலேருந்து எனக்கு அதே நெனப்பு. எங்காத்துலேயும் ஒண்ணு இருந்தது. போன வருஷம் போயிடுத்து. நிச்சயதார்த்தத்துக்கு வரச்சே மடியில வச்சுண்டு கொஞ்ச நேரம் உக்காரணும்னு இருக்கேன்."

அனந்தன் தூணருகில் நின்றிருந்தான். பத்மஜா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். கல்யாணப் பெண், ஒன்றும் அறியாதவள், என் பைகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை போதும். அந்தக் குடும்பத்தின் முகம் அந்த இடத்திலேயே விழுந்திருக்கும். அது என் குடும்பமும்தான்.

"இப்போ அங்கே இல்லை," என்றேன். "அனந்தன் நன்னாத்தான் பாத்துண்டான். எனக்குத்தான் மனசு கேக்கலை. திரும்ப வாங்கிண்டு தெரிஞ்ச இடத்துல விட்டிருக்கேன்."

"ரெண்டும் சௌக்கியம்தானே?"

"சௌக்கியம்."

"எங்கிட்டக் குடுத்திருக்கலாமே மாமி," என்றாள் அவள். நிஜமாகவே வருத்தப்பட்டாள்.

அனந்தனுக்கு முகத்தில் ரத்தம் திரும்பியது. வண்டி வந்தது. பெண் நமஸ்காரம் செய்தாள். தலையில் கை வைத்து, தீர்க்க சுமங்கலியாக இரு என்றேன். பிறகு அனந்தன் குனிந்தான். நான் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அவன் கை பிளாட்பாரத்துச் சிமெண்டைத் தொட்டது. குனிந்தபடியே ஒரு கணம் இருந்துவிட்டு எழுந்தான். வேறு யாரும் கவனிக்கவில்லை. கவனிக்கும்படி நான் செய்யவும் இல்லை.

வண்டி நகர்ந்த பிறகு கௌசிக், "தாங்க்ஸ் அத்தை," என்றான்.

ஜன்னலோர இடத்தில் அவன் உட்கார்ந்திருந்தான். "எழுந்திரு," என்றேன். அவன் எழுந்து இடம் விட்டான்.