குவளையில் பெய்த மழை

எனக்கு யாரும் புத்தி சொல்ல வேண்டாம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தப்பு என்னுடையதுதான். ஆனால் பாதித் தப்பு முராங்கியுடையது.

முராங்கி என் அத்தை மகன். எல்லை வேலிக்கு அந்தப் பக்கம், நமீபியாவில் இருக்கிறான். நான் இந்தப் பக்கம், போட்ஸ்வானாவில். இடையில் கம்பியும், மாடு தாண்டாதபடி ஒரு பள்ளமும்தான். எங்கள் ஹெரேரோ ஜனத்தில் அத்தை மகனும் மாமன் மகனும் ஒருவரை ஒருவர் எவ்வளவு வேண்டுமானாலும் கிண்டல் செய்யலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டவனுக்கு முராங்கியைத் தெரியாது.

இரண்டு பேருக்கும் ஒரே வேலை. அவரவர் அரசு நட்டுக் கொடுத்த மழைமானியை விடிந்ததும் பார்த்து, எத்தனை மில்லிமீட்டர் என்று நோட்டில் எழுத வேண்டும். ஏப்ரல் கடைசியில் வேலியோரம் நின்று கூட்டிப் பார்ப்போம். எவன் நாட்டில் மழை குறைவோ, அவன் மற்றவனின் காளையைப் புகழ்ந்து பாட வேண்டும். முராங்கியின் காளைக்கு ஒற்றைக் கொம்பு, மூக்கு எப்போதும் ஒழுகும். அதைப் புகழ்ந்து நான் பாடுவதா? முதல் வருஷம் பதினொரு மில்லிமீட்டரில் தோற்றுப் பாடினேன். அன்றைக்கு அவன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அடுத்த வருஷம் மழைமானியில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினேன். ஒன்றே ஒன்றுதான், சத்தியமாக. அதற்கடுத்த வருஷம் இரண்டு. இப்படியே இருபத்திரண்டு வருஷம் நான் தோற்கவே இல்லை.

போன ஆகஸ்டில் ஒனேலே என்ற ஆராய்ச்சிக்காரப் பெண் எங்கள் தலைநகர் காபரோனிலிருந்து வந்தாள். இரண்டு நாட்டு மழையும் இத்தனை காலத்தில் எப்படி மாறியிருக்கிறது என்று ஒப்பிடுகிறாளாம். எந்தப் பக்கம் அதிகமாகக் காய்கிறதோ அந்தப் பக்கம் ஒரு ஆழ்துளைக் கிணறு போட இரண்டு அரசும் ஒப்புக்கொண்டிருந்தன.

என் கிணற்றில் தண்ணீர் சேறாகிவிட்டிருந்தது. நாற்பத்து மூன்று மாடுகள் அதை நக்கிக்கொண்டிருந்தன. இரண்டு மாதம் தாங்கினால் அதிசயம்.

ஒனேலே என் வீட்டு முற்றத்தில் இரண்டு கோடுகள் போட்ட தாளை விரித்தாள். முராங்கியும் கடவுச்சீட்டில் முத்திரை குத்திக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தான், என் மனைவி விஜாண்டா கொடுத்த மோரைக் குடித்தபடி.

"அய்யா, இது பெரிய அதிசயம். அவங்க பக்கம் மழை வருஷா வருஷம் குறையுது. உங்க பக்கம் ஏறிக்கிட்டே போகுது. நடுவுல இருக்கறது ஒரு வேலிதான்! மேகம் வேலியைப் பாத்துத் திரும்பிப் போகுமா?"

"எங்க நாட்டு மேகத்துக்கு ரோஷம் ஜாஸ்திம்மா," என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"அப்போ கிணறு முராங்கி அய்யா பக்கம்தான். உங்களுக்குத்தான் தண்ணிக்குக் குறையே இல்லையே."

"கேட்டியா கவாரி மச்சான்?" என்றான் முராங்கி. "உன் மாடெல்லாம் நீச்சல் கத்துக்கணும் போலிருக்கே!"

என் மாடுகள் வேலியோரம் நின்று காலித் தொட்டியை நக்கிக்கொண்டிருந்தன. அழுகை வந்தது. வாயைத் திறந்தேன், ஒற்றைக் கொம்புக் காளை நினைவுக்கு வந்தது, மூடிக்கொண்டேன்.

ஒனேலே என் மழை நோட்டைப் புரட்டினாள். "இங்க ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு பேர் வைப்பீங்களாமே. அதையும் எழுதிக்கறேன். ரெண்டாயிரத்துப் பதிமூணு?"

விஜாண்டா யோசிக்கவே இல்லை. "மாட்டுத்தோலை வேக வச்சுத் தின்ன வருஷம்."

"நோட்டுல நானூத்துப் பன்னெண்டு மில்லிமீட்டர்னு இருக்கே. சரி, பதினாறு?"

"ஆமை வீட்டு வாசலுக்குத் தண்ணி கேட்டு வந்த வருஷம்."

"நானூத்தி ஐம்பத்தஞ்சு. பத்தொன்பது?"

"எழுந்திரிக்க முடியாத பசுவை எட்டுப் பேர் தூக்கி நிறுத்தின வருஷம்."

"நானூத்தி எண்பது!" ஒனேலே பேனாவைக் கீழே வைத்தாள். "அய்யா, அந்தப் பசு வெள்ளத்துலயா விழுந்துச்சு?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். முராங்கியின் உதட்டில் மோர் நுரை அப்படியே நின்றது.

"ஊத்தினேன்!" என்று கத்தினேன். "நான்தான் ஊத்தினேன், போதுமா? குவளை குவளையா ஊத்தினேன்! என் மாடு சாகுதும்மா, கிணத்தைப் போடு!"

"ஆமை தண்ணி கேட்டு வந்த வருஷம் நான் மூணு நாளா தலை குளிக்காம இருந்தேன்," என்றாள் விஜாண்டா மெதுவாக. "நீ மெஷினைக் குளிப்பாட்டினியா?"

முராங்கி தரையில் புரண்டு புரண்டு சிரித்தான். ஒனேலே மட்டும் சிரிக்கவில்லை. வருஷப் பெயர்களை முராங்கி பக்கமும் கேட்டாள். ஒரே ஜனம், ஒரே பெயர்கள், ஒரே பஞ்சம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் காய்ந்துகொண்டிருக்கிறது என்று எழுதினாள். கிணறு வேலியை ஒட்டி வந்தது, பக்கத்துக்கு ஒரு தொட்டியோடு. என் மாடுகள் முதல் நாள் வயிறு உப்பக் குடித்ததைப் பார்த்து நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

அழுது முடிப்பதற்குள் முராங்கி காளையை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். "இருபத்திரெண்டு வருஷ பாக்கி மச்சான். ஆரம்பி." இரண்டு நாட்டு ஜனமும் வேலியின் இரு பக்கமும் நாற்காலி போட்டு உட்கார்ந்தது. இருபத்திரண்டு பாட்டு. பதினைந்தாவது பாட்டில் காளையே எழுந்து போய்விட்டது.

டிசம்பரில் ஒரு விடியலில் பெய்தது பாருங்கள் மழை! என் மானியில் அறுபத்து மூன்று. முராங்கி பக்கம் வெறும் இருபது. நிஜமான மழை, என் வாழ்நாளில் காணாத மழை. வேலிக்கு ஓடினேன். "மச்சான், அறுபத்தி மூணு! இந்த வருஷத்துக்குப் பெருமழை வருஷம்னுதான் பேர் வைக்கணும்!"

"உன் குவளையைக் காட்டு," என்றான் அவன்.

"விஜாண்டா, நீயாவது சொல்லேன்!" என்று வீட்டைப் பார்த்துக் கத்தினேன். அவள் ஜன்னலைச் சாத்தினாள்.

பெருமழை என்று பெயர் வைக்கவில்லை. அதே வாரம் என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வேலிக்கு இரு பக்கமும் யாரைக் கேட்டாலும் என் பேத்தி பிறந்தது எப்போது என்று சொல்வார்கள்: கவாரியின் குவளையில் மழை பெய்த வருஷம்.