மாப்பிள்ளை வீட்டுப் போன்

ஒரு பொருளைக் குறை சொல்லாமல் கையில் வாங்குவது மன்சூர் அலிக்குப் பழக்கமில்லை. தாராவியில் தோல் பைக் கடை வைத்திருப்பவர். அவர் வளர்ந்த கடைவீதியில் சொன்ன விலைக்குச் சரக்கை எடுத்துக்கொண்டு போகிறவனைப் பார்த்தால் விற்றவனே பரிதாபப்படுவான். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். மன்சூர் அலி பல்லோடு நிறுத்துகிற ஆளில்லை, வாலையும் தூக்கிப் பார்ப்பார்.

அப்படிப்பட்டவர் வீட்டுக்கு இனாமாக ஒரு போன் வந்து சேர்ந்தது. மகள் சஃப்ரீனுக்குச் சான்பாடாவில் மாப்பிள்ளை பார்த்து நிச்சயம் செய்தார்கள். இப்போதெல்லாம் நிச்சயத்தட்டில் மோதிரம், புடவை, மிட்டாயோடு போனும் வைத்தால்தான் மாப்பிள்ளை வீட்டுக்கு மரியாதை. கல்யாணம் வரை இரண்டு பேரும் பேசிக்கொள்ள வேண்டுமே! மாப்பிள்ளை வாசிம் தானே கடைக்குப் போய்ப் பார்த்து வாங்கியது. பில், வாரண்ட்டி எல்லாம் அவன் பெயரில்.

போன் நல்ல போன்தான். ஆனால் கேட்காத ஆப்புகளை எல்லாம் கம்பெனிக்காரனே உள்ளே திணித்து வைத்திருந்தான். அழித்தாலும் போகாது. பூட்டியிருக்கும் திரையில்கூட விளம்பரம் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உறவுக்காரர்கள் வந்து சாயா குடித்துக்கொண்டிருந்தபோது மேசையில் கிடந்த போன் தானாக வெளிச்சம் போட்டது. அதில் ஒரு பெண் சீட்டுக்கட்டை விசிறி மாதிரி விரித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்ன மச்சான், மாப்ள வீட்டுப் போனு ரம்மியாட கூப்புடுது?" என்றார் மன்சூர் அலியின் மைத்துனர். "கம்பெனிப் பூட்ட ஒடச்சி ரூட் பண்ணிப் போடும். எல்லாக் குப்பையும் போயிரும்."

எல்லாரும் சிரித்தார்கள். மன்சூர் அலியும் சிரித்தார். உள்ளே மட்டும் முள் ஏறிவிட்டது.

"அத எடுத்துப் போடேன்ளா" என்றார் அன்றிரவு மகளிடம்.

"எடுக்க முடியாது வாப்பா. கம்பெனி போட்டது. சோடோ, விடுங்க, நான் பாத்துக்கிடுதேன். நீங்க இதுல கைய வைக்காதீங்க."

கையை வைக்காதே என்று சொன்னால் மன்சூர் அலியின் கை அரிக்கும். மறுநாள் மத்தியானம் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு வந்தார். "ஸ்க்ரீன் கார்டுல கீறல் விழுந்திருக்கே. மாத்திக் கொண்டாரேன், குடு. லாக் நம்பரையும் சொல்லு, தொறந்து பாப்பான்." பெற்ற வாப்பா கேட்கிறார். பிள்ளை போனையும் கொடுத்தது, நம்பரையும் சொன்னது.

தொண்ணூறடி ரோட்டில் கரீம் பாட்சாவின் மொபைல் கடை. இரண்டு பேரும் வருஷக்கணக்காக ஒருவரை ஒருவர் ஏமாற்றப் பார்த்து, முடியாமல் சிநேகமானவர்கள்.

"கரீமு, இத ரூட் பண்ணணும். ஆனா வாரண்ட்டி போவக்கூடாது."

"மீனும் பிடிக்கணும், மேலும் நனையக்கூடாது. அப்படித்தானே?" கரீம் பாட்சா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரூட்டு எதுக்கு பாய்? கம்ப்யூட்டர்ல மாட்டி அந்த ஆப்புகள மட்டும் தூங்க வெச்சிர்றேன். வாரண்ட்டிக்கு ஒண்ணும் ஆவாது. சாயாக் காசு குடுங்க, போதும்."

சாயாக் காசு என்று சொன்னதுதான் கெடுத்தது. மலிவாகக் கிடைக்கிற வைத்தியத்தை மன்சூர் அலி நம்புவதில்லை. "தூங்குறது முழிச்சிக்கிட்டா? குப்பையத் தாலாட்டவாவே வந்தேன்? பெருக்கித் தள்ளும்."

"சரி, ரூட்டுதான்னா முறையாச் செய்யணும்" என்று கரீம் பாட்சா ஆரம்பித்தார். "போனுக்குள்ள ஒரு பூட்டு இருக்கு. அதத் தொறந்தாதான் ரூட்டு. தொறந்த உடனே உள்ள இருக்கறத எல்லாம் போனே தொடச்சிரும். அதனால முதல்ல எல்லாத்தையும் காப்பி எடுக்கணும். அப்புறம் கம்பெனிகிட்டயே பெர்மிஷன் கேட்டு எழுதிப் போடணும். பூட்டத் தொறந்தாலும் சில கம்பெனி வாரண்ட்டி தருவான், சிலவன் தரமாட்டான். இவன் என்ன சொல்றான்னு பாத்துட்டுத்தான் கை வைக்கணும், அதுக்கு நாளாவும். கம்பெனியோட ஒரிஜினல் சாஃப்ட்வேரையும் முன்னாடியே இறக்கி வெச்சிக்கணும். ஏதாச்சும் ஏடாகூடமானா திருப்பிப் போட."

எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு விலை சொன்னார். மன்சூர் அலி அதில் பாதி கேட்டார்.

"பாதிக்குக் கட்டாது பாய்."

"அப்ப நான் வாரேன்." மன்சூர் அலி எழுந்தார். படி இறங்கினார். செருப்பை மாட்டுவதற்கு வேண்டிய நேரத்தைப் போல மூன்று மடங்கு எடுத்துக்கொண்டார்.

"சரி, வாங்க. இப்பவே, பாதிக்கே பண்ணித் தர்றேன்."

ஜெயித்த சந்தோஷத்தில் தன் செலவிலேயே இரண்டு சாயா சொன்னார். அந்தச் சந்தோஷம் எங்கே கொண்டுபோய் விடும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் தாராவியில் யாரும் இல்லை. அவர் கடையில் ஒரு பைக்குப் பாதி விலை கேட்டு அடம்பிடிக்கிறவரிடம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு "எடுத்துட்டுப் போங்க" என்பார். உள்ளேயிருந்து அதே நிறத்தில், அதே அளவில் ஒரு பை வரும். உள்துணி இருக்காது. ஜிப்பு அடுத்த பெருநாள் வரை ஓடினால் அல்லாஹ்வின் கிருபை. வாங்கினவர் வெற்றி வீரராக நடந்து போவார். விலையில் பாதி குறைந்தால் சரக்கில் பாதி குறையும் என்ற இந்தக் கணக்கை ஆயுள் முழுக்கப் போட்டவருக்கு, கல்லாவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தபோது அது ஞாபகத்துக்கு வரவில்லை. கரீம் பாட்சா காப்பியைக் கழித்தார், பெர்மிஷனைக் கழித்தார், ஒரிஜினல் சாஃப்ட்வேரைக் கழித்தார். மிச்சம் இருந்தது ரூட் மட்டும்.

ஆனாலும் வயரை மாட்டுமுன் ஒரு வார்த்தை கேட்டார். "உள்ள முக்கியமா ஒண்ணும் இல்லியே பாய்?"

"பொட்டப்புள்ள போன்ல என்னவே இருக்கப் போவுது?" என்றார் மன்சூர் அலி.

கொஞ்ச நேரத்தில் போன் அணைந்து எரிந்தது. இந்தப் போனின் பூட்டு திறக்கப்பட்டிருக்கிறது, இதை நம்ப முடியாது என்று ஆங்கிலத்தில் ஒரு எச்சரிக்கை காட்டியது. மறுபடி அணைந்தது. மறுபடி அதே எச்சரிக்கை. கரீம் பாட்சா இரண்டு மூன்று பட்டன்களை அமுக்கிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "இது வேற மாடல் போலருக்கு. ஒரிஜினல் இருந்தா திருப்பிப் போட்டுரலாம். தேடணும். வெச்சிட்டுப் போங்க."

வைத்துவிட்டுப் போனால் மகளிடம் என்ன சொல்வது? சொன்ன பொய்யையாவது காப்பாற்ற வேண்டும். உயிர் போன போனுக்குப் புது ஸ்க்ரீன் கார்டு ஒட்டச் சொல்லி எடுத்துக்கொண்டு வந்தார்.

"கார்டு ஒட்டும்போதே அணைஞ்சிட்டும்மா. கம்பெனிக் கோளாறு."

சஃப்ரீன் போனை வாங்கி அமுக்கினாள். எச்சரிக்கை வந்தது, போனது, வந்தது. "வாப்பா, என் டிசைனெல்லாம் இதுலதான் இருக்கு" என்றாள். அவள் கல்யாணப் பெண்களுக்கு மருதாணி போடுகிறவள். தாராவி, சுனாபட்டி, தேவ்நார் வரை கூப்பிடுவார்கள். சொந்தமாக வரைந்த கோலங்கள், எந்தப் பெண்ணுக்கு எந்தக் கோலம் என்ற பேச்சு, எல்லாம் அந்தப் போனுக்குள். பெண்பிள்ளை போனில் என்ன இருக்கும் என்று கேட்ட மனிதர் நாலு சுவருக்குள் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் மின்விசிறியைப் பார்த்தார்.

அந்த வாரக் கடைசியில் வாசிம் வந்தான். பில் அவன் பெயரில் இருந்ததால் அவன்தான் போனைக் கொண்டு போக வேண்டும். மாப்பிள்ளையைத் தனியாக அனுப்பினால் மரியாதையில்லை என்று மன்சூர் அலியும் கூடப் போகவேண்டியதாயிற்று. செம்பூரில் கம்பெனியின் சர்வீஸ் சென்டர். வந்தனா என்ற மராத்திப் பெண் போனைத் தட்டிப் பார்த்து, நிமிராமலே இந்தியில் சொன்னாள்: ரூட் செய்திருக்கிறார்கள், எங்கள் கம்பெனியில் பூட்டைத் திறந்தால் வாரண்ட்டி கிடையாது.

"அரே மேடம், கியா பாத் கர்தி ஹை!" மன்சூர் அலி மேசையைத் தட்டினார். குற்றம் தன் பக்கம் இருந்தால் குரலை உயர்த்த வேண்டும் என்பது கடைவீதிப் பாடம். "நயா போன் ஹை! கம்பெனி கா ஃபால்ட் ஹை!" புதுப் போன், கம்பெனியின் கோளாறு என்று சாதித்தார்.

வந்தனா போனை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். இது தானாக ஆகாது அங்கிள், யாரோ கை வைத்துத்தான் ஆகும் என்றாள். வாங்கினவர் அறியாமல் நடந்தது என்றால் போன் யார் கையில் இருந்தது, எந்தக் கடைக்குப் போனது என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்றாள்.

வாசிம் திரும்பி மாமனாரைப் பார்த்தான்.

"ஸ்க்ரீன் கார்டு போட்டவன் எதுவும் பண்ணிட்டானோ என்னவோ…" என்று மன்சூர் அலி இழுத்தார். சொன்ன பிறகு தன் குரல் தனக்கே கேட்டது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது, சட்டைக் காலருக்குள் வியர்த்தது. வாசிம் அந்தப் புது ஸ்க்ரீன் கார்டைப் பார்த்தான், எச்சரிக்கையைப் பார்த்தான், மாமனாருடைய காலரைப் பார்த்தான். அவன் முட்டாள் இல்லை.

"மேனே கியா" என்றான் வந்தனாவிடம். நான்தான் செய்தேன். பிறகு தமிழில், மாமனாரைப் பார்க்காமலே, "குடுக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் நோண்டிப் பாத்தேன் மாமா. அதான் இப்ப கிளம்பிருக்கு போல."

கையெழுத்துப் போட்டான். சாஃப்ட்வேர் மட்டும் புதிதாக ஏற்றித் தருவோம், உள்ளே இருந்தது திரும்பாது, வாரண்ட்டியும் இனி இல்லை என்றாள் வந்தனா. சரி என்றான்.

இல்லை தம்பி, நான் என்று சொல்ல அங்கே இடமிருந்தது, நேரமும் இருந்தது. மன்சூர் அலி சொல்லவில்லை. வெளியே வந்த பிறகாவது சொல்லியிருக்கலாம். "இந்தக் கம்பெனிக்காரனுவ எல்லாம் களவாணிப் பயலுவ மாப்ளே" என்றார்.

"ஆமா மாமா. வெயிலா இருக்கு, நெழல்ல நில்லுங்க. ரிக்‌ஷா பிடிக்கேன்."

ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பதிலுக்குப் பத்து வார்த்தை புரட்டியிருப்பார். கேட்காதவனிடம் எதை விற்பது? ரிக்‌ஷாவில் வழி முழுக்க அவன் அவருடைய முழங்கால் இடிக்காமல் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டு வந்தது வேறு அவரைக் கொன்றது.

வாசிம் சான்பாடா போய்ச் சேர்ந்ததும் சஃப்ரீனிடம் அவள் உம்மாவின் போனில் அதையே சொல்லியிருக்கிறான். மன்சூர் அலி கடையடைத்து வீட்டுக்கு வந்தபோது வீடு கொதித்துக்கொண்டிருந்தது.

"நோண்டின போனையா நிச்சயத்தட்டுல வெச்சாங்க?" அவர் மனைவி சைனப் கையில் தன் போனோடு நின்றாள். "நம்ம பிள்ள என்ன, செகண்ட் ஹேண்டுக்கு இளிச்சவாயா? ஒங்க காதுல விழுதா, இல்லியா?"

சஃப்ரீன் தரையில் உட்கார்ந்து ஒரு கோலத்தை ஞாபகத்திலிருந்து காகிதத்தில் வரைந்துகொண்டிருந்தாள். பாதியில் நின்றிருந்தது. "ஏன் சொல்லலன்னு கேட்டேன் வாப்பா. சாரி, சாரிங்காரு. வேற ஒண்ணும் வாயில வரல. ஜூட்டா!"

"பொய் சொல்லுதவன் கையிலயா பிள்ளையக் குடுக்கது?" என்றாள் சைனப். "அவங்க உம்மாகிட்டயே கேக்கேன்."

அந்த நேரத்தில் மன்சூர் அலியின் மனதுக்குள் இருந்த வியாபாரி மெல்ல எழுந்து உட்கார்ந்தான். மாப்பிள்ளை வீடு இப்போது தப்புச் செய்த வீடு. தப்புச் செய்தவன் தழைந்து போவான். மண்டபப் பேச்சு, விருந்துப் பேச்சு எல்லாம் இனிமேல்தான். இந்தப் போனை வைத்தே… யோசனை அதுவரை ஓடிவிட்டது. பிறகுதான் அது தன் யோசனை என்று தெரிந்து அவருக்குக் காது மடல் எரிந்தது. தன் தலைக்கு வந்ததை ஒரு பையன் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். அவன் போன தடம் மறையுமுன் இவர் அதற்கு விலை பார்க்கிறார்.

சைனப் ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள். "சொல்லுங்க மதினி" என்று வாசிமின் உம்மா ஆபிதாவின் குரல் சந்தோஷமாக வந்தது. மன்சூர் அலி மனைவியின் கையிலிருந்து போனை வாங்கினார்.

"நான் மன்சூர் பேசுதேம்மா. போன நாந்தான் கெடுத்தேன். வாசிமு மேல தப்பு இல்ல."

ஆபிதாவுக்குப் புரியவில்லை. "எந்த போனுண்ணே?"

வாசிம் தன் உம்மாவிடம் எதுவுமே சொல்லியிருக்கவில்லை. ஆகவே மன்சூர் அலி முதலிலிருந்து சொல்லவேண்டியதாயிற்று. ரம்மி விளம்பரம், ஸ்க்ரீன் கார்டு என்று சொன்ன பொய், தூங்க வைத்தால் போதும் என்றதைக் கேட்காதது, பாதி விலை, பொட்டப்புள்ள போன் என்று சொன்னது, செம்பூரில் வாயை மூடிக்கொண்டு நின்றது. அடுக்கில் இருக்கிற சொத்தைச் சரக்கை ஒவ்வொன்றாக எடுத்து வாடிக்கையாளர் முன்னால் பரப்புவது போலிருந்தது. வரைந்துகொண்டிருந்த பென்சில் சத்தம் நின்றுவிட்டது.

"விளம்பரம் தொந்தரவா இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாமேண்ணே" என்றாள் ஆபிதா. கோபமே இல்லை. "நாங்க மாத்திக் குடுத்திருப்போமே."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். போனை வைத்தபின் சைனப் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நல்ல வேள, பிள்ள முன்னாடி சொன்னீங்க" என்றாள். அது பாராட்டில்லை என்று அவருக்குத் தெரியும். அவள் உள்ளே போனாள்.

சஃப்ரீன் தலை நிமிர்ந்தாள். "வாப்பா, உம்மா போன் போடலன்னா சொல்லிருப்பியளா?"

இந்த மாதிரிக் கேள்விக்கு அவர் கடையில் எப்போதும் சரக்கு இருக்கும். சொல்லத்தான் வந்தேன், நீங்கள்தான் விடவில்லை என்று ஒன்று. நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று ஒன்று. இரண்டும் நாக்கு நுனிவரை வந்தன.

"மாட்டேம்மா" என்றார்.

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். பிறகு உம்மாவின் போனை எடுத்துக்கொண்டு இரும்பு ஏணியில் ஏறி மச்சுக்குப் போனாள். மேலே "ஹலோ" என்றது கேட்டது. அதற்குப் பிறகு குரல் தணிந்தது. என்ன பேசுகிறாள் என்று கேட்க அவருக்கு உயிர் துடித்தது. ஏணிக்கு அடியில் நின்றால் நன்றாகவே கேட்கும்.

மன்சூர் அலி செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுச் சந்தில் இறங்கி, பேச்சு கேட்காத தூரத்தில் போய் நின்றார்.