ஆடிக்கு வைத்த பழம்

எங்கள் வீட்டுக் கூரையில் ஓடு கிடையாது. ஆனால் வீட்டுக்குள் ஐஸ் பெட்டி இருந்தது. துரை சீமைக்குத் திரும்பிய வருடம் சாமான் ஏற்றிய லாரியில் இடம் போதவில்லை. இருபது வருடம் பங்களாத் தோட்டம் பார்த்த என் அப்பா ஆஞ்சப்பனைக் கூப்பிட்டு, "இதை நீயே வெச்சுக்கோ" என்று விட்டுவிட்டுப் போனார். அடியில் மண்ணெண்ணெய் விளக்கு எரியும், மேலே தண்ணீர் உறையும். நெருப்பு வைத்துக் குளிர வைக்கிற வித்தையைப் பார்க்கத் தளி ஊர் முழுக்க எங்கள் வாசலுக்கு வந்தது. எப்படி என்று எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள். எங்கள் தெருவில் முதல் பி.எஸ்ஸி. நான், ஓசூரில் வாத்தியாரம்மா. விளக்கிச் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை.

அந்தப் பங்களாத் தோட்டத்தில் ஸ்ட்ராபெரி பறித்தவள் என் தங்கை சம்பங்கி. ஒன்பது வயதில் பறிக்கப் போனாள். பழமெல்லாம் பெங்களூருக்குப் போகும். சாயங்காலம் கூடையை இறக்கியதும் மேஸ்திரி பறித்த பெண்களை வரிசையாக நிறுத்தி நாக்கை நீட்டச் சொல்வான். சிவப்பாக இருந்தால் அன்றைக்குக் கூலி இல்லை. அந்த வரிசையில் நான் ஒரு நாளும் நின்றதில்லை. நான் படிக்கிற பிள்ளை. அவள் பறித்தாள், நான் படித்தேன். இதை இன்னும் அழகாகச் சொல்ல வழி இருக்கலாம். எனக்கு அது வேண்டாம்.

துரை போனபிறகு அப்பா இருபது செடிகளைப் பிடுங்கிவந்து வீட்டுக்குப் பின்னால் நட்டார். அவை காய் பிடித்த தை மாதத்தில்தான் சம்பங்கிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை முனிவேல், பாரூர்க்காரன். ஏரித் தண்ணீரில் கொஞ்சம் நெல், மீதி நாளில் கூலி. ஊருக்குக் கிளம்புகிற நேரத்தில் அவள் அழவில்லை. பின்பக்கம் போய்ச் செடிகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்து என் கையைப் பிடித்தாள்.

"பழம் செவக்கிற நேரத்துல தொரத்துறீங்களே. எனக்கு எடுத்து வைக்கா. ஆடிக்கு வருவேன். ஒரு தட்டு நெறையா வெச்சுக்கிட்டு, உக்காந்து, ஒருத்தரும் கேக்காம திங்கணும்."

"ஆடி வரைக்கும் பழம் தாங்குமாடி?"

"பி.எஸ்ஸி. படிச்சியே, எதுக்கு?"

புதுப்பெண்ணை முதல் ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது வழக்கம். பங்குனியில் பறிக்கிற பழம் நான்கு மாதம் இருக்க வேண்டும். என் அம்மா மாரம்மா அதற்கெல்லாம் யோசிக்கவில்லை. ஒரு சொம்பு நிறையப் பழத்தைக் கழுவி அப்படியே ஐஸ் அறைக்குள் திணித்துவிட்டாள். மறுநாள் சொம்பும் பழமும் ஒரே கல்.

"இதை ஒடைக்கக் கடப்பாரைதான் வேணும்" என்றார் அப்பா.

"ஆமா, நீ பெத்த பொண்ணு சொன்னா வேதம், நான் வெச்சா கல்லு" என்றாள் அம்மா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே செய்தேன். வெயில் ஏறுவதற்கு முன்னால் பறித்தேன். அடிபட்டதையும் பாதி வெளுத்ததையும் ஒதுக்கினேன். காம்போடு கழுவினேன், காம்பை முதலில் கிள்ளினால் தண்ணீர் பழத்துக்குள் இறங்கிவிடும். பழைய வேட்டியில் பரப்பி, ஈரம் போன பிறகுதான் காம்பைக் கிள்ளினேன். ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் அலுமினியத் தட்டில் வைத்து உறைய விட்டேன். மறுநாள் காலையில் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கூழாங்கல் போல உருண்டது. பால்பவுடர் டப்பா ஒன்றில் ஒரு வரிசை பழம், மேலே சர்க்கரை, இன்னொரு வரிசை பழம் என்று நிரப்பி, மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றினேன்.

பிறகு அந்த விளக்குதான் வேலை. சுடர் நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாகிப் புகைந்தால் குளிர் போய்விடும். நான் வாரம் முழுக்க ஓசூரில் இருப்பேன். சனிக்கிழமை வந்ததும் செருப்பைக் கழற்றாமல் குனிந்து சுடரைப் பார்ப்பேன். அம்மா திரியைக் கத்தரிக்க ஒரு நாளும் மறக்கவில்லை. "பெத்ததுங்களுக்குக்கூட இவ்ளோ பார்க்கல" என்று முணுமுணுப்பாள்.

ஆடி பிறந்தது. அப்பா சீர்த்தட்டோடு பாரூருக்குப் போய்த் தனியாகத் திரும்பி வந்தார்.

"நடவு நேரமாம். ஆளு கெடைக்கலியாம். ஆடிப் பதினெட்டு கழிச்சு அனுப்புறேன்னாங்க."

"அவளுக்கு அஞ்சு மாசம் ஆகுதே. சேத்துலயா நிக்கிறா?" என்றேன்.

"எல்லாரும்தான் நிக்கிறாங்க."

"எல்லாரும் நிக்கிறாங்கன்னு நீங்களும் பார்த்துட்டு வந்தீங்களா?"

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் எதிர்த்துக் கேட்டதில்லை. கேட்கிற வேலையை எனக்கு விட்டுவிட்டார்கள். "அவங்க அனுப்பலன்னா போகட்டும். பழம் அங்க போகும்" என்றேன்.

"போய்ச் சேர்றதுக்குள்ள தண்ணியாயிடும்டி" என்றாள் அம்மா.

"ஆகாது."

டப்பாவைப் பெரிய தகர டின்னுக்குள் வைத்தேன். சுற்றிலும் ஐஸ் துண்டும் கல்லுப்பும் போட்டேன். அந்த டின்னை மரத்தூள் நிரப்பிய சாக்குக்குள் இறக்கி, மேலே அப்பாவின் கம்பளியைச் சுற்றினேன். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ். மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கண்டக்டர் எட்டிப் பார்த்தான். "கொழந்தைக்கு டிக்கெட் வேணாம்மா. மூஞ்சிய மட்டும் தொறந்து விடு, மூச்சு முட்டும்."

"கொழந்தை இல்ல. பழம்."

"பழத்துக்குக் கம்பளியா? குளுருதாமா அதுக்கு?"

"குளிர் வெளிய போகக் கூடாதுன்னு."

"கேட்டுக்கோங்கய்யா! குளுருக்கே குளுருதாம்!"

பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஓசூரில் பஸ் மாறினேன். குருபரப்பள்ளியில் டயர் வெடித்து ஒரு மணி நேரம் புளியமரத்தடியில் நின்றோம். சாக்கின் மூலையிலிருந்து சொட்டத் தொடங்கியது. டின்னைச் சாய்த்துத் தண்ணீரை வடித்துவிட்டு ஆட்டிப் பார்த்தேன். உள்ளே கடகடவென்றது. இன்னும் கல்லாகத்தான் இருக்கிறது. கிருஷ்ணகிரி தாண்டியதும் வெயில் வேறு மாதிரி அடித்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஆட்டிக் கேட்டுக்கொண்டே போனேன். ஏதோ பரீட்சை எழுதுவது போல இருந்தது. இதிலும் தேறிவிடுவேன் என்ற திமிர் எனக்குள் இருந்தது.

பாரூரில் இறங்கியபோது மணி மூன்று. வாய்க்கால் ஓரமாக நடந்தேன். வயலில் குனிந்திருந்த பெண்களில் சம்பங்கியைத் தேடினேன். ஒருத்தி நிமிர்ந்து, "தளிப் பொண்ணோட அக்காவா? அது வீட்டுல படுத்திருக்கு. மூணு நாளாச்சு" என்றாள்.

வீட்டு வாசலில் அவள் மாமியார் பாப்பம்மா நின்றாள். கண்ணெல்லாம் வீங்கி இருந்தது. "கலைஞ்சு போச்சு கண்ணு" என்றாள். "ஆம்பளப் புள்ள. நாளைக்கு ஆளனுப்பிச் சொல்லலாம்னு இருந்தோம்."

உள்ளே இருட்டு. ஜன்னலைச் சாக்கு போட்டு அடைத்திருந்தார்கள். மூலையில் சட்டியில் தணல். அந்தப் புழுக்கத்தில் கம்பளி போர்த்திக்கொண்டு சம்பங்கி கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. மூன்று நாளாகச் சுக்குத் தண்ணீரைத் தவிர எதுவும் கொடுக்கவில்லை. என்னைப் பார்த்ததும் பார்வை முதலில் என் கையிலிருந்த சாக்குக்குப் போனது.

"பழமாக்கா?"

நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தேன். கொதித்தது. என் கை டின்னைப் பிடித்து மரத்துப்போயிருந்தது. அதனால்தான் அப்படித் தெரிகிறது என்று நினைத்தேன்.

சாக்கை அவிழ்க்கப் போனபோது பாப்பம்மா குறுக்கே வந்து நின்றாள். "அதெல்லாம் வேணாம். பச்ச ஒடம்பு. பச்சத் தண்ணியே காட்டலை. ஐஸ் குடுத்தா ஜன்னி கண்டுடும்."

"ஜன்னி குளிரால வராது அத்தை. கிருமியால வரும்."

"எங்க ஊருல குளுருலதான் வருது."

"அஞ்சு மாசக்காரியைச் சேத்துல நிறுத்துனீங்களே, அப்ப குளிரலியா?"

"நான் நிறுத்தலம்மா. நானுந்தான் பக்கத்துல நின்னு நட்டேன். போனது என் பேரன். நான் என்ன அவளுக்கு எதிரியா?" அவள் குரல் உடைந்தது. "காய்ச்சலு வேற இருக்கு. பால் கட்டுன காய்ச்சலு, மூணாம் நாளு வர்றதுதான்னு மருத்துவச்சி சொன்னா. அது எறங்கட்டும், அப்புறம் குடு."

நான் விடவில்லை. கிருமி என்றால் என்ன, அது கண்ணுக்கு ஏன் தெரியாது, புண் வழியாக எப்படி உள்ளே போகிறது என்று வகுப்பில் சொல்வது போல அவளுக்குச் சொன்னேன். அந்த இருட்டு அறையில் நின்றுகொண்டு ஒவ்வொரு வார்த்தையையும் சரியாகச் சொன்னேன். பாப்பம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். கடைசியில் வழியை விட்டாள்.

"சரிம்மா. நீ படிச்சவ. உனக்குத் தெரியாததா எனக்குத் தெரியும்? குடு."

நான் ஜெயித்துவிட்டேன்.

மெழுகைச் சுரண்டி மூடியைத் திறந்தேன். மேலே வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. பழம் பாதிதான் இளகியிருந்தது. "தட்டுல போடுக்கா" என்றாள் சம்பங்கி. தட்டில் போட்டேன். அவளை நிமிர்த்தி என் தோளில் சாய்த்துக்கொண்டேன். முதல் பழத்தை வாயில் போட்டு முகத்தைச் சுளித்தாள்.

"சீ, புளிக்குது! இதுக்கா இத்தனை வருசம்..."

"சர்க்கரை பத்தலடி. அடுத்த தடவை போடுறேன்."

"பத்தாட்டியும் குடு." இன்னொன்று தின்றாள். இன்னொன்று. ஒவ்வொன்றையும் கன்னத்துக்குள் ஒதுக்கிக் கரைய விட்டாள். ஒன்பது தின்றாள். பத்தாவதை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். "எவ்ளோ நல்லா இருக்கு. இப்பிடியே இருக்கலாம்க்கா." கழுத்து வழியாகச் சிவப்புத் தண்ணீர் வழிந்தது. நான் துடைத்தேன். அவள் சிரித்ததை வாசலில் நின்று பாப்பம்மாவும் பார்த்தாள். அவள் முகத்திலும் சிரிப்பு வந்தது.

மறுநாள் பள்ளிக்கூடம். ஐந்து மணிக்குக் கிருஷ்ணகிரி பஸ். "பதினெட்டு கழிச்சு நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றேன். "மிச்சத்தை வெச்சுட்டுப் போ" என்றாள். வைத்துவிட்டு வந்தேன்.

புதன்கிழமை பள்ளிக்கூடத்துக்குத் தந்தி வந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். சுவரோரம் உட்கார்ந்திருந்த பெண்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். நிறுத்தாத ஒருத்தி என் காதில் விழும்படியே சொன்னாள்: "பச்ச ஒடம்புக்காரிக்கு ஐஸைக் குடுத்துக் கொன்னுட்டு, இப்ப அழ வந்துட்டா."

"ஐஸ் யாரையும் கொல்லாது!" என்று கத்தினேன். பிணத்தின் பக்கத்தில் நின்று கத்தினேன். "கர்ப்பப்பையில சீழ் வெச்சு அந்தக் காய்ச்சல். பாலாவது கட்டுறதாவது! கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருந்தா பெனிசிலின் போட்டிருப்பாங்க. பொழைச்சிருப்பா. ஏன் போகல? ஒருத்தருக்கும் ஏன் தோணல?"

முனிவேல் தலையைத் தொங்கப்போட்டான். பாப்பம்மா என்னையே பார்த்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன்.

"எங்களுக்குத் தெரியாதும்மா. நீ அன்னிக்கு வந்திருந்தியே. அவ கையப் புடிச்சுக்கிட்டுத்தான உக்காந்திருந்த. பால் காய்ச்சலுன்னு நான் சொன்னப்ப நீயும் ஒண்ணும் சொல்லலியே."

ஒரு மணி நேரம் கைவசம் இருந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் நான் ஐஸுக்காக வாதாடினேன். அவள் சொன்னதில் பாதியை மறுத்தேன். மறுத்திருக்க வேண்டிய பாதியை விட்டுவிட்டேன். கிருமி புண் வழியாகப் போகும் என்று என் வாயாலேயே சொன்னேன். கொதிக்கிற கை என் கைக்குள் இருந்தது. நான் ஏறிய பஸ் கிருஷ்ணகிரிக்குத்தான் போனது. ஆஸ்பத்திரியைத் தாண்டித்தான் போனது. அதில் தம்பதியாக, தாயும் பிள்ளையுமாக, யார் யாரோ இருந்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து நான் ஒருத்திதான் ஏறினேன்.

கருமாதி முடிந்து தளிக்கு வந்த பிறகும் அம்மா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஊர் கேட்டது. பாரூரிலிருந்து பேச்சு எங்களுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. தண்ணீர் எடுக்கப் போன இடத்தில், "ஐஸ் பெட்டியால ஒரு உசுரு போச்சு" என்று யாரோ சொன்னதை அம்மா கேட்டுக்கொண்டு வந்தாள். அன்று மத்தியானம் களி கிண்டிக்கொண்டிருந்தவள் துடுப்பை நிறுத்தினாள். திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"ஏ சரோஜி. நெசத்தச் சொல்லு. பழந்தானா?"

இல்லை என்று சொல்ல வேண்டும். அதுதான் உண்மை. அதைச் சொல்லத்தான் இத்தனை வருடம் என்னைப் படிக்க வைத்தார்கள். ஆனால் இல்லை என்று சொன்னால் அம்மா அடுத்து, அப்ப எதனால என்று கேட்பாள். காய்ச்சலால் என்பேன். காய்ச்சல் எப்போது வந்தது என்பாள். நான் போவதற்கு முன்னாலேயே என்பேன். பிறகு அவள் என்னைத் திரும்பிப் பார்ப்பாள்.

"ஆமாம்மா" என்றேன். "பழந்தான்."

துடுப்பைச் சட்டியில் சாத்திவிட்டு அம்மா எழுந்து வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். என் பக்கத்தில் உட்கார்ந்து, களி ஒட்டிய கையைப் புடவையில் துடைத்துவிட்டு, என் தலையில் வைத்தாள்.

"தெரிஞ்சா செஞ்ச? தெரியாமத்தான செஞ்ச" என்றாள். "நீ என்னத்தடி கண்ட, பாவம்."

அந்தக் கையை எடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுப்பில் களி அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.