ஜூலைக்கு முந்தைய மாதம்

டிசம்பரில் தொடங்கி மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லிக்கொண்டு வந்த ப்ரெட், ஜூலையிலிருந்து நேராக மே மாதத்திற்குத் தாவினான். அடுப்பின் முன் நின்றிருந்த அவன் மனைவி ஜானெல் திரும்பவில்லை. முட்டையைப் புரட்டிப் போட்டுவிட்டு, அவன் ஜனவரி வரை சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

"ஜூனை விட்டுட்ட."

"நாம இருக்கறதே ஜூன்ல. அதை வேற தனியா சொல்லணுமாக்கும்?"

அவன் சிரித்தான். சிரித்தபோது, இரண்டு மாதங்களாகச் சவரம் காணாத தாடிக்குள் முன்பல் இல்லாத இடைவெளி தெரிந்தது. பனி ஹாக்கிக் கோப்பைக்கான ஆட்டங்கள் முடியும்வரை அவன் அணியில் எவனும் சவரம் செய்துகொள்வதில்லை. கோப்பை என்ற சொல்லையும் எவனும் உச்சரிப்பதில்லை, 'அது' என்பார்கள். முப்பத்தைந்து வயதில் தாடி பாதி நரைத்திருப்பதை ஜானெல் இந்த ஆண்டுதான் கண்டாள். முந்தைய ஆண்டுகளிலெல்லாம் அணி ஏப்ரலிலேயே தோற்று வெளியேறிவிடும். நரை வெளிப்படும் அளவுக்குத் தாடி வளர்ந்ததே இல்லை.

சமையலறைத் திரைச்சீலைகள் ஒன்பது நாட்களாக மூடியே கிடந்தன. ஒன்பது நாட்களுக்கு முன், அரையிறுதியின் கடைசி ஆட்டத்தில், எதிரணியின் பருத்த ஆட்டக்காரன் ஒருவன் பின்னாலிருந்து மோத, ப்ரெட்டின் தலை களத்தைச் சுற்றியிருந்த கண்ணாடித் தடுப்பில் இடித்தது. அவன் தானாகவே எழுந்தான். பனியில் சறுக்கித் தன் இருக்கைக்குப் போனான். அடுத்த முறை அழைத்ததும் இறங்கி ஆடினான். அணி வென்றது. நாற்பத்தொரு ஆண்டுகளுக்குப் பிறகு இந்த நகரம் இறுதித் தொடருக்குப் போகிறது என்று அன்று தெருவெல்லாம் அழுதது. மறுநாள் முதல் ப்ரெட்டால் வெளிச்சத்தைத் தாங்க முடியவில்லை. தண்ணீர் குடித்தாலும் வாந்தி வந்தது. ஜானெலைத் தவிர யாருக்கும் அது தெரியாது.

மோதலைத் தொலைக்காட்சி நூறு முறை காட்டிவிட்டதால், இன்று பத்து மணிக்கு அவனுக்கு ஒரு சோதனை. ஐந்து சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். மாதங்களைப் பின்னோக்கிச் சொல்ல வேண்டும். கிடைக்கும் மதிப்பெண்ணை ஆட்டப் பருவம் தொடங்கிய செப்டம்பரில், தலை நலமாக இருந்தபோது, எடுத்த மதிப்பெண்ணோடு ஒப்பிடுவார்கள். குறைந்திருந்தால் ஆட முடியாது. முதல் ஆட்டம் நாளை மறுநாள்.

செப்டம்பர் சோதனையில் வேண்டுமென்றே தவறு செய்து வைத்தால் பின்னால் அடிபட்டாலும் குறை தெரியாது என்பது ஆட்டக்காரர்களின் மனைவிமார் எல்லோருக்கும் தெரிந்த தந்திரம். காரை ஓட்டிக்கொண்டே அவள்தான் அதைச் சொன்னாள். எந்த மாதங்களை விடுவது என்றும் அவளே சொல்லிக்கொடுத்தாள். "மார்ச்சை விட்டுடு. பிப்ரவரியை விட்டுடு. அப்புறம் ஜூன். அது நமக்கு இல்லாத மாசம்தானே." இருவரும் வழிநெடுகச் சிரித்தார்கள்.

இப்போது அவன் ஜூனை விடுவது அன்று பழகிய பழக்கத்தினாலா, மண்டைக்குள் அது இல்லாமலே போய்விட்டதினாலா? பழக்கந்தான் என்று ஒன்பது நாட்களாகத் தன்னையே நம்பவைக்கப் பார்த்தாள். பழக்கமென்றால் மார்ச்சையும் பிப்ரவரியையும் அல்லவா சேர்த்து விட்டிருக்க வேண்டும்?

அணித்தோழன் ஒருவன் வந்து அவனைக் காரில் அழைத்துப் போனபின், ரொட்டி வாங்கக் கடைக்குப் போனாள். கடையில் ரொட்டிக்கும் அணியின் நீல நிறத்தைப் பூசியிருந்தார்கள். கல்லாப் பெண் தலைமயிரை நீலமாக்கிக்கொண்டிருந்தாள். வரிசையில் பின்னால் நின்ற கிழவர், அணியின் மேற்சட்டையைத் துவைக்காமல் இரண்டு மாதங்களாக உடுத்தியிருந்தவர், அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

"ஏம்மா, உன் புருஷனுக்கு இன்னும் எத்தனை பல்லு பாக்கி?"

"இருபத்தி மூணு."

"நாலு ஆட்டம் ஜெயிக்கணும். தாராளமா போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஜானெலும் சிரித்தாள். கிழவர் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தாழ்ந்த குரலில், "எங்கப்பா பாக்காமலே போயிட்டாரு. நான் பாத்துட்டுத்தான் போவேன். அவன்கிட்ட சொல்லு," என்றார். சொல்கிறேன் என்றாள். ரொட்டியைக் காரில் வைத்தவள், வீட்டுக்குத் திரும்பாமல் ஆட்ட அரங்கத்தை நோக்கி ஓட்டினாள்.

அரங்கத்தின் முகப்பில் மூன்று மாடி உயரத்துக்கு ப்ரெட்டின் படம் தொங்கியது. கயிற்றில் அமர்ந்திருந்த இரண்டு பணியாளர்கள் அவன் நெற்றியில் விழுந்திருந்த சுருக்கத்தை இழுத்து நேராக்கிக்கொண்டிருந்தார்கள். கீழே நூறு பேர் அண்ணாந்து பார்த்துக் கைதட்டினார்கள்.

அணியில் காயங்களைக் கவனிப்பவரான வெஸ், பின்வாசலருகே ஈரத் துண்டுகளைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தார்.

"பாஸாயிட்டான்மா. செப்டம்பரை விட மார்க் கூட. அப்ப மூணு மாசத்தை விட்டிருந்தான், இப்ப ஒண்ணுதான். தலையில அடிபட்டுப் புத்தி வளந்த ஒரே ஆளு உன் புருஷன்தான்."

"காயப் பட்டியல்ல என்ன எழுதியிருக்கீங்க அவனுக்கு?"

"வழக்கம்போலத்தான். உடம்போட மேல்பாகத்துல லேசான வலின்னு. எதிராளிக்கு எதுக்கு எல்லாத்தையும் சொல்லணும்?"

"தலைன்னு ஒண்ணு இருக்கே, வெஸ். அதையும் மேல்பாகத்துலேயே சேத்தாச்சா?"

வெஸ் துண்டு ஒன்றை எடுத்து, மடிக்கத் தேவையில்லாத அதை நான்காக மடித்தார்.

"செப்டம்பர்ல அவன் வேணும்னே தப்பு பண்ணான். நான்தான் சொல்லிக்கொடுத்தேன். வீட்டுல வெளிச்சம் பட்டா வாந்தி எடுக்கறான்."

"ஜானெல்." அவர் குரல் கடுமையாக இல்லை, அதுதான் அவளை நிலைகுலையச் செய்தது. "எல்லாரும்தான் அப்படிப் பண்றாங்க. எனக்குத் தெரியாதா? இன்னும் ரெண்டு வாரம். சில வார்த்தையை 'அது' கைக்கு வர்ற வரைக்கும் சொல்லக் கூடாதும்மா. வீட்டுக்குப் போ."

அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று நம்பி வந்தவள், சொல்லியும் எதுவும் அசையாததைக் கண்டு வெகுநேரம் காரிலேயே அமர்ந்திருந்தாள்.

அவள் திரும்பியபோது ப்ரெட் சமையலறை இருட்டில், கறுப்புக் கண்ணாடி அணிந்து, மேசைமேல் கைகளை வைத்து உட்கார்ந்திருந்தான்.

"வெஸ் போன் பண்ணாரு."

அவள் ரொட்டியை மேசைமேல் வைத்தாள். அதன் நீலம் இருட்டில் கறுப்பாகத் தெரிந்தது.

"பதினாலு வருஷமா இதுக்காகத்தான் ஆடறேன், ஜானெல்."

"தெரியும்."

"இன்னொரு தடவை கேளு. எல்லாத்தையும் சரியா சொல்லிட்டா விட்டுடு, இதுக்கப்புறம் பேசாத. சொல்லலேன்னா நீயே டாக்டருக்கு போன் போடு. நான் தடுக்க மாட்டேன்."

அவள் எதிர்நாற்காலியில் அமர்ந்து, தொலைபேசியை இருவருக்கும் நடுவில் வைத்தாள். அவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, குழந்தை எண்ணுவதுபோல விரல்களை விரித்துக்கொண்டு தொடங்கினான். டிசம்பர். கட்டைவிரல் மடங்கியது. நவம்பர், அக்டோபர், செப்டம்பர். தெருவில் கொடி கட்டிய கார்கள் ஒலியெழுப்பிக்கொண்டு வரிசையாகப் போயின. ஆகஸ்ட். ஒரு கை முழுவதும் மூடிக்கொண்டது. ஜூலை. மறுகையின் கட்டைவிரல்.

அங்கே நின்றான்.

இம்முறை அவன் தாவவில்லை. அங்கே ஏதோ இருக்கிறது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது, அதைத் தேடினான். நரைத்த தாடிக்குள் உதடுகள் குவிவதும் பிரிவதுமாக இருந்தன. ஒரே ஒரு சொல். அது அவள் நுனிநாக்கில் இருந்தது. உதட்டை அசைத்துக் காட்டினாலே போதும், அவன் பிடித்துக்கொள்வான். அவன் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். கார்களின் ஒலி நெருங்கி, ஜன்னல் கண்ணாடிகளை அதிரச் செய்து, விலகிப் போயிற்று. மேசைமேல் அவனுடைய ஆள்காட்டி விரல் மடங்கவும் இல்லை, நிமிரவும் இல்லை.