சத்தம் கேட்காத வீட்டுக்கு ஒரு துப்பாக்கி

1993ஆம் வருடம் பிப்ரவரி பத்தாம் தேதி, புதன்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, கலிபோர்னியாவின் டப்ளின் ஊரில் பிச்சுமணியின் வீட்டுக்குள் சத்தம் நின்றுபோனது. கழுவிக்கொண்டிருந்த எவர்சில்வர் மூடி கை நழுவித் தொட்டியில் விழுந்தபோதுதான் அவனுக்கே தெரிந்தது. மூடி இரண்டு முறை துள்ளி அடங்கியது, சத்தம் மட்டும் வரவில்லை. காதில்தான் கோளாறு என்று நினைத்து கராஜுக்குள் போனான். அங்கே ஃப்ரீவேயின் இரைச்சல் வழக்கம்போல் கேட்டது. திரும்பி வீட்டுக்குள் காலை வைத்தான், கேட்கவில்லை. காது டாக்டர் பார்த்துவிட்டு இரண்டு காதும் பிரமாதமாக இருப்பதாகச் சொன்னார். லிவர்மோரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த தமிழர் ஒருவர் ஒலியளக்கும் கருவியோடு வந்து, சமையலறையில் குக்கரை வைத்து, பூஜை மணியையும் அடித்துப் பார்த்தார். முள் அசையவில்லை. அதை நோட்டில் குறித்துக்கொண்டு, காபி குடித்துவிட்டுப் போனார். புகை எச்சரிக்கைக் கருவி கத்தினாலும் பயனில்லை என்பதால் தீயணைப்புத் துறையின் யோசனைப்படி மினுக்கும் விளக்கு ஒன்று பொருத்தப்பட்டது. டெலிபோன் கராஜுக்குப் போனது. சாப்பாட்டு மேஜையில் எழுதிக் காட்ட மஞ்சள் தாள் அட்டை ஒன்றும், நூலில் கட்டிய பேனாவும் வந்து சேர்ந்தன. ஒரு மாதத்தில் ஊர் பழகிவிட்டது. போகிறவர்கள் செருப்போடு பேச்சையும் வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனார்கள்.

அதற்குப் பதினேழு நாள் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ட்ரேசியில் ஒரு கிருகப்பிரவேசத்துக்குப் போகும் வழியில், ஆல்டமான்ட் கணவாயின் மூடுபனிக்குள் பிச்சுமணியின் கார் ஒரு லாரியின் பின்பக்கத்தில் மோதியது. ஓட்டியவன் பிச்சுமணி. அவனுக்கு ஒரு விலா எலும்பு விரிசல் விட்டதோடு சரி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி ஷ்யாமளா அங்கேயே இறந்துபோனாள். பதிமூன்று நாள் காரியமும் முடிந்து, வந்திருந்த உறவினர்கள் கடைசியாக ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிப்போன மறுநாள்தான் சத்தம் நின்றது. இரண்டையும் சேர்த்து யாரும் பேசவில்லை. அவனிடம் கேட்கவும் இல்லை.

கிட்டுசாமிக்கு அவனை ஐந்து வருடமாகத் தெரியும். கோபிச்செட்டிபாளையத்துக் கிட்டுசாமியும் நங்கநல்லூர் பிச்சுமணியும் கல்யாணத்துக்கு முன்னால் ஓக்லேண்டில் ஒரே அபார்ட்மென்டில் இருந்தவர்கள். ஒரே வருடத்தில் இரண்டு முறை அந்தக் கதவை உடைத்துத் திருடர்கள் புகுந்த பிறகு, கிட்டுசாமி முறைப்படி ஒரு ரிவால்வர் வாங்கினான். சுட்டுப் பழகும் இடத்துக்கு ஒரே ஒரு நாள் போனான். அவன் சுட்ட குண்டு பக்கத்துக்காரரின் குறி அட்டையில் பட்டது. அதோடு அதை ஒரு ஷூ டப்பாவில் வைத்துக் கட்டிவிட்டான். கல்யாணமாகி, டப்ளினில் வீடு வாங்கி, பெண் பிறந்து, அந்த வெண்பா 1993 ஏப்ரலில் அலமாரியைப் பிடித்து எழுந்து நின்ற அன்றைக்கு, மேல்தட்டில் இருந்த டப்பாவை அவன் மனைவி பவளம் திறந்து பார்த்தாள். "ஏனுங்க, இது இந்த ஊட்டுல இருக்கோணும், இல்லீன்னா நானும் புள்ளையும் இருக்கோணும். எதுன்னு நீங்களே சொல்லிப்போடுங்க," என்றாள். அவள் குரலை உயர்த்தவில்லை. கிட்டுசாமிக்கு அதுதான் பயமாக இருந்தது.

துப்பாக்கியை விற்கப்போகும் செய்தியைக் கிட்டுசாமி ஆபீஸ் கேன்டீனில் சொன்னபோது பிச்சுமணி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தான். "எனக்கே குடுத்துடேன் கிட்டு. தனியா இருக்கேன், சேஃப்டிக்கு ஆச்சு," என்றான். மூன்று மாதத்தில் அவன் தானாக எதையாவது கேட்டது அதுதான் முதல் தடவை. கிட்டுசாமிக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. "உனக்கில்லாம வேற யாருக்குடா," என்றான். அன்று சாயங்காலமே வந்து எடுத்துக்கொள்வதாகப் பிச்சுமணி சொன்னான். நமக்குள் எதற்குப் பேப்பர் என்றும் கேட்டான்.

கிட்டுசாமி எதையும் விசாரிக்காமல் செய்கிறவனில்லை. டெக்ஸாஸில் பேர்லேண்டில் இருந்த திருநெல்வேலி நண்பன் சபரிநாதனுக்குப் போன் பண்ணினான். அவன் சிரித்தான். "இங்கன்னா ரெண்டு பேரும் ஒரே ஸ்டேட்டான்னு லைசென்ஸ பாத்துட்டுக் கையிலயே குடுத்துரலாம்டே. ஒங்க ஊர்ல கடைக்குப் போயே தீரணும். மாட்டுனேன்னா உன் சிட்டிசன்ஷிப் இன்டர்வியூ அவ்ளோதான்," என்றான். அது சரிதான். கலிபோர்னியாவில் இரண்டு வருடத்துக்கு முன் வந்த சட்டப்படி, சிநேகிதர்களே ஆனாலும் இருவரும் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடைக்கு நேரில் போக வேண்டும். வாங்குகிறவர் படிவம் நிரப்ப வேண்டும். படிவம் மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவுக்குப் போய் அவர் யார் எவர் என்று பார்த்து முடிக்கும் வரை, பதினைந்து நாள், துப்பாக்கி கடைக்காரரின் பெட்டகத்தில் இருக்கும். குடியுரிமை இன்டர்வியூ ஜூலையில் என்பதால் கடைக்குத்தான் போக வேண்டும் என்று கிட்டுசாமி ஒரே பிடியாக நின்றான். நண்பனைப் பற்றிய யோசனை எதுவும் அந்தப் பிடிவாதத்தில் இல்லை. பயம் ஒன்றுதான் காரணம் என்று பிற்பாடு அவனே பலரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறான்.

ஏப்ரல் முப்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்து, லிவர்மோரில் வால்ட் என்ற எழுபது வயதுக்காரரின் கடைக்குப் போனார்கள். வால்ட் ரிவால்வரைத் திறந்து குண்டு இல்லை என்று பார்த்தார், எண்ணைக் குறித்துக்கொண்டார், இருவரின் டிரைவிங் லைசென்ஸையும் கேட்டு வாங்கினார். படிவத்தில் உயரம், எடை, பிறந்த ஊர், சிறை சென்றதுண்டா, மனநல மருத்துவமனையில் வைக்கப்பட்டதுண்டா என்றெல்லாம் கேள்விகள் இருந்தன. மனைவி எப்போது இறந்தாள் என்று ஒரு கேள்வியும் இல்லை. பிச்சுமணி எல்லாவற்றுக்கும் உண்மையாகவே பதில் எழுதினான். பதினைந்து நாள் என்றால் எந்த நாள், எத்தனை மணிக்கு என்று மட்டும் இரண்டு முறை கேட்டான். மே பதினைந்து, சனிக்கிழமை, கடை திறந்ததும் என்றார் வால்ட்.

டப்பா கையைவிட்டுப் போன நிம்மதியில் கிட்டுசாமி வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னான். பவளம் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்ததும் அவள் கை கிண்ணத்தோடு நின்றது.

"அந்த ஊட்டுக்குள்ள சுட்டா யாருக்குங்க கேக்கும்?"

கிட்டுசாமி சாவியை எடுத்துக்கொண்டு அப்படியே வெளியே வந்தான். மூன்று தெரு தள்ளியிருந்த வீட்டுக்குக் காரில் போகத் தோன்றாமல் நடந்தே போனான். பிச்சுமணி மேஜையில் தயிர்சாதத்தோடு உட்கார்ந்திருந்தான். எதிரே டிவியில் யாரோ வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள். கிட்டுசாமி அட்டையை இழுத்து, 'எதுக்குடா உனக்குத் துப்பாக்கி?' என்று எழுதி நகர்த்தினான். 'சேஃப்டி' என்று பதில் வந்தது. கிட்டுசாமி அந்தச் சொல்லை அடித்துவிட்டுத் திரும்ப நகர்த்தினான். பிச்சுமணி பேனாவை எடுத்தான். பிறகு, 'அதுவாவது இங்கே சத்தம் போடுமான்னு பார்க்கணும்' என்று எழுதினான். 'எதைச் சுட்டு?' என்று கிட்டுசாமி எழுதினான். பேனா மேஜையில் படுத்துக்கொண்டது.

மறுநாள் காலை கிட்டுசாமி வால்டுக்குப் போன் பண்ணினான். வாங்குகிறவர் எடுத்துப்போகும் நிமிஷம் வரை விற்கிறவர் மறுத்துவிடலாம் என்றார் அவர். அது ஆறுதலாக இருந்தது. ஆனால் தான் மறுத்தால் பிச்சுமணி அதே கடையில் வேறொன்றுக்கு எழுதிக்கொடுத்து இன்னொரு பதினைந்து நாள் காத்திருப்பான், அவ்வளவுதானே என்ற எண்ணமும் கூடவே வந்தது. ப்ளெசன்டனில் இருந்த மனநல டாக்டர் அனந்தலக்ஷ்மியிடம் புருஷனும் பெண்சாதியும் போய் யோசனை கேட்டார்கள். அவர் சுற்றி வளைக்கவில்லை. "அவரைத் தனியா விடாதீங்கோ. என்கிட்ட அழைச்சுண்டு வாங்கோ. நெனைக்கறதை நேராக் கேளுங்கோ, கேட்டா தப்பே இல்ல. கேக்காம இருக்கறதுதான் தப்பு," என்றார்.

ஆகவே அந்த இரண்டு வாரமும் கிட்டுசாமியின் குடும்பம் சத்தமில்லாத வீட்டில் குடியிருந்தது. கிட்டுசாமி ஹாலில் சோபாவில் படுத்தான். பவளம் அந்தச் சமையலறையில் ஓசையில்லாமல் தாளித்தாள். கடுகு வெடிப்பதைக் கண்ணால் பார்த்து இறக்கினாள். வெண்பா வாயை முழுக்கத் திறந்து அழுவாள், ஒன்றும் கேட்காது, யாராவது தூக்கிக்கொண்டு வாசல்படி தாண்டினால் பாதி அழுகையிலிருந்து கேட்கும். தன் அழுகை உள்ளே ஒரு மாதிரியும் வெளியே ஒரு மாதிரியும் இருப்பதைக் குழந்தை இரண்டு நாளில் கண்டுபிடித்துவிட்டது. வாசல்படியில் நின்று தலையை உள்ளே நீட்டியும் வெளியே இழுத்தும் கத்திப் பார்த்தது. பிச்சுமணி அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். டாக்டரிடம் போக முதல் முறை மறுத்தான், அடுத்த செவ்வாய்க்கிழமை தானாகவே காரில் ஏறி உட்கார்ந்தான்.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கிட்டுசாமி அவனை லிவர்மோர் கோயிலுக்குக் கூட்டிப்போனான். பார்க்கிங்கில் காரை நிறுத்தி, இஞ்சினை அணைத்து, கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி கேட்டான்.

"செத்துப்போலாம்னு இருக்கியா பிச்சு?"

"ஆமா," என்றான் பிச்சுமணி.

பிச்சுமணி தானே பேசினான். "ஃபாக் ஜாஸ்தியா இருக்கு, எக்ஸிட் எடுத்து நிறுத்திக்கலாம்னு அவ மூணு தடவ சொன்னாடா. எனக்கு லேட்டாயிடுத்துன்னு டென்ஷன். 'கொஞ்ச நேரம் பேசாம வரியா'ன்னு கத்தினேன். பேசாம வந்தா. அப்புறம் பேசவே இல்ல. நான் அவகிட்ட கடைசியா சொன்னது அதான்."

கிட்டுசாமியின் வாயில் வந்தது இதுதான்: "நானும் பவளத்துகிட்ட தெனமும் அதையேதான்டா சொல்றேன். இன்னைக்குக் காலைல கூடச் சொன்னேன்."

பிச்சுமணி திரும்பி அவனைப் பார்த்தான். தொண்டையிலிருந்து என்னவோ ஒன்று கிளம்பியது, சிரிப்பா அழுகையா என்று முதலில் தெரியவில்லை. பிறகு இரண்டுமே என்று தெரிந்தது. அரை மணி நேரம் நீடித்தது. அர்ச்சனைத் தட்டோடு போனவர்கள் காருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு நாகரிகமாக நகர்ந்தார்கள். அன்று இருவரும் கோயிலுக்குள் போகவே இல்லை. வழியில் பர்கர் கடையில் நிறுத்தச் சொல்லி பிச்சுமணி இரண்டு மில்க்‌ஷேக் குடித்தான்.

மே பதினைந்தாம் தேதி காலை வால்ட், அனுமதி வந்துவிட்டது என்று கராஜ் டெலிபோனில் சொன்னார். "நானே வரேன்," என்று மட்டும் அவரிடம் சொல்லிவிட்டுப் பிச்சுமணி சட்டை மாற்றிக்கொண்டு வந்தான். காரைக் கிட்டுசாமி ஓட்டினான். பிச்சுமணி கையெழுத்துப் போட்டால் தான் மறுத்துவிடுவது என்று கிட்டுசாமி முடிவு செய்திருந்தான். ஆனால் அதற்குப் பிறகு அடுத்த கடை, அடுத்த பதினைந்து நாள் என்று எத்தனை காலம் வாசலில் காவல் நிற்க முடியும்? கவுண்டரில் வால்ட் ஷூ டப்பாவைத் திறந்து வைத்து, தாளைத் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்தார். பிச்சுமணி ரிவால்வரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பேனாவை எடுத்துக் குனிந்து எழுதினான். வால்ட் தாளைத் தன் பக்கம் திருப்பி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டார்.

கிட்டுசாமி எட்டிப் பார்த்தான். மூன்று மாதமாக வீட்டில் எதையும் எழுதியே சொல்லிப் பழகியவன், கோட்டின் மேல் 'வேண்டாம்' என்று தமிழில் எழுதியிருந்தான்.

அவன் வேண்டாம் என்கிறான் என்று கிட்டுசாமி ஆங்கிலத்தில் சொன்னான். வால்ட் இருவரையும் ஒரு முறை பார்த்தார். அடிக்கடி நடப்பதுதான் என்று சொல்லி, பக்கத்தில் ஆங்கிலத்தில் அதையே எழுதித் தேதியிட்டார். துப்பாக்கியை அவரே எடுத்துக்கொண்டார். அதற்கும் ஒரு படிவம் இருந்தது. கிட்டுசாமி ஒரே மூச்சில் அதை நிரப்பினான். வெளியே வந்ததும் அவன் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். பிச்சுமணி பக்கத்தில் உட்கார்ந்து, "எழுந்திருடா, பவளம் வெயிட் பண்ணிண்டிருப்பா," என்றான். ஒரு டெலிபோன் கூண்டைத் தேடிப் பவளத்துக்குச் செய்தி சொன்னார்கள். அவள் பதில் பேசாமல் வெகுநேரம் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தாள். அது இருவருக்கும் நன்றாகக் கேட்டது.

வீட்டுக்குள் சத்தம் திரும்பவில்லை. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் அந்த அமைதிக்காகச் சனிக்கிழமைகளில் அங்கே வந்தார்கள். 1996இல் ஒரு தம்பதி விவாகரத்துக்கு முன் அங்கே உட்கார்ந்து மஞ்சள் தாளில் சண்டை போட்டு, நாற்பது பக்கம் எழுதி, சமாதானமாகித் திரும்பினார்கள். பிச்சுமணி டாக்டரைப் பார்க்கும் செவ்வாய்க்கிழமைகளை மூன்று வருடம் விடாமல் வைத்துக்கொண்டான். 2001 மார்ச்சில் டெக்ஸாஸின் ரிச்சர்ட்சனில் வேலை கிடைத்து வீட்டை விற்றபோது, வீட்டின் குறைகளை எல்லாம் வாங்குகிறவருக்கு எழுத்தில் சொல்லியே ஆக வேண்டும் என்பதும் கலிபோர்னியாவில் சட்டம் என்பதால், கூரையின் ஒரு கசிவு, வேலியின் ஒரு சாய்வு என்பவற்றுக்கு அடுத்ததாக 'வீட்டுக்குள் சத்தம் கேட்காது, 1993 முதல்' என்று எழுதினான். வாங்க வந்தவர் ராத்திரி ஷிஃப்ட் பார்க்கும் ஒரு நர்ஸ். அந்த வரியை இரண்டு முறை படித்தார். கராஜிலும் அப்படித்தானா என்று கேட்டார். இல்லை, கராஜில் கேட்கும் என்றான் பிச்சுமணி. அப்படியானால் சரி, டிரையர் அங்கேதான் இருக்கிறது, துணி காய்ந்தால் மணி அடிப்பது கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் கையெழுத்துப் போட்டார்.