ஓடைக்கு அந்தப் பக்கத்துக்காரர்

வெர்னா தீபோ பழிவாங்கத்தான் ஊர்க்கூட்டத்துக்குக் கிளம்பினாள். அதை அவள் மறைக்கவும் இல்லை. காலையில் பீன்ஸ் சட்டியைக் காரில் ஏற்றும்போதே நாத்தனார் கிளாடெட்டிடம் சொல்லிவிட்டாள்.

"இன்னைக்கு அந்தாள விடமாட்டேன்."

"அண்ணி, சத்தம் கித்தம் போட்டுடாதீங்க. நாம போறது தீர்மானத்துக்கு."

"நீ தீர்மானத்துக்குப் போ. நான் ப்ரூஸ்டருக்குப் போறேன்."

ஆல்டன் ப்ரூஸ்டர் மாநில சட்டசபையில் அந்த மாவட்டத்து செனட்டர். வெர்மாண்ட் மாநிலத்தில் இருக்கும் எல்லோருடைய வைத்தியச் செலவையும் மாநில அரசே ஏற்கும், காப்பீட்டுக் கம்பெனிகளுக்கு நடுவில் வேலையில்லை என்கிற மசோதா, அவர் தலைமையில் இருக்கும் குழுவிடம் போனது. போனது போனதுதான். வாக்கெடுப்புக்கு விடாமல் மேசை டிராயரில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார் மனிதர். கேட்டால் பரிசீலனையில் இருக்கிறது என்பார்.

அந்தச் சொல்லைக் கேட்டாலே வெர்னாவுக்கு உடம்பெல்லாம் எரியும். அவள் புருஷன் லூசியன் அதைக் கேட்டுக் கேட்டுத்தான் செத்தான். அவனுக்குக் குடலில் கட்டி. ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் பெரிய ஆஸ்பத்திரி. வெர்னா ஓட்டும் பள்ளிக்கூடப் பஸ்ஸிலிருந்தே அதன் ஜன்னல்களை எண்ணலாம். ஆனால் அந்தக் கரை வேறு மாநிலம். அவன் வேலை பார்த்த மரம் அறுக்கும் மில் கொடுத்த காப்பீட்டில் அந்த ஆஸ்பத்திரி சேராது, இந்தக் கரையிலேயே பார்த்துக்கொள் என்றது கம்பெனி. இந்தக் கரையில் டாக்டர் கிடைக்கவில்லை. மேல்முறையீடா, எழுத்தில் கொடு என்றார்கள். கொடுத்தார்கள். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்த வாரம் லூசியன் போய்ச் சேர்ந்தான்.

அதைக்கூட வெர்னா பொறுத்திருப்பாள். போன வருஷக் கூட்டத்தில் நடந்ததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. மசோதாவை வெளியே எடு என்று ஊர் கேட்கும் தீர்மானம் அன்றைக்கும் வந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் எழுந்த ப்ரூஸ்டர் தேனொழுகப் பேசினார். "நம்ம லூசியன்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவ்வளவு பெரிய விஷயத்தில் அவசரம் வேண்டாம், லூசியனும் நிதானமான மனிதர்தானே என்றார். ஊர் தலையாட்டித் தீர்மானத்தைக் கிடப்பில் போட்டது. செத்தவன் பெயரைச் சொல்லியே அவனுக்காகக் கேட்டதைக் குழிதோண்டிப் புதைத்த வாய் அது. இன்னொரு தடவை அந்த வாய் திறந்தால் தீர்மானம் மறுபடி போய்விடும் என்று வெர்னாவுக்குத் தெரியும்.

மார்ச் மாதச் சேறு அப்பிய பூட்ஸ்களோடு பள்ளிக்கூட ஜிம்மில் ஊர் கூடியது. கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே மேசை போட்டுக் கூட்டத்தலைவர் எவெரெட் உட்கார்ந்திருந்தார். சாலை, தீயணைப்பு வண்டி என்று ஒவ்வொன்றாக முடித்தார். மடக்கு நாற்காலிகளில் பெண்கள் காதால் கேட்டுக்கொண்டே கம்பளி பின்னிக்கொண்டிருந்தார்கள்.

"அடுத்து நம்ம செனட்டர் ரெண்டு வார்த்த பேசுவாரு. யாருக்கும் ஆட்சேபணை இல்லேன்னா..." என்றார் எவெரெட். வருஷா வருஷம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிற வாசகம். அவர் முடிப்பதற்குள் ப்ரூஸ்டர் மைக்கைப் பிடித்துத் தொண்டையைச் செருமிவிட்டார்.

"ஆட்சேபணை இருக்கு."

பின்னல் ஊசிகள் நின்றன. எவெரெட் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்.

"என்னம்மா வெர்னா?"

"எனக்கு ஆட்சேபணை இருக்கு தலைவரே. இவரு நம்ம ஊரு வாக்காளர் இல்ல. ஓடைக்கு அந்தப் பக்கத்துக்காரரு."

வாஸ்தவம். வெளியூர்க்காரர் இந்தக் கூட்டத்தில் பேசவேண்டுமென்றால் ஊர் சம்மதிக்க வேண்டும். ப்ரூஸ்டரின் வீடு ஓடை தாண்டி அடுத்த ஊர் எல்லையில் இருந்தது. அங்கே வரி குறைச்சல் என்று பார்த்துப் பார்த்து அந்தப் பக்கம் கட்டியவர் அவரேதான்.

ப்ரூஸ்டர் சிரித்தார். "என்னம்மா இது! உங்க சமையக்கட்டு ஜன்னல்ல நின்னா என் வீட்டுப் புகைக்கூண்டு தெரியுமே."

"தெரியுது சார். லூசியனுக்கும் அந்த ஆஸ்பத்திரி தெரிஞ்சுச்சு."

சிரிப்பு அவர் முகத்திலேயே மாட்டிக்கொண்டது. கிளாடெட் வெர்னாவின் ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்க அண்ணி! குளிர்ல வீடு வீடா அலைஞ்சு தீர்மானத்துக்குக் கையெழுத்து வாங்கியிருக்கேன். ஐயோ பாவம்னு எல்லாரும் அவரு பக்கம் சாஞ்சுட்டா?"

"சாயட்டும். பேசவிட்டா மட்டும் நம்ம பக்கமா சாய்வாங்க?"

"எங்கண்ணனுக்கு இது பிடிக்காது."

"பிடிக்காதுதான். உங்கண்ணன் நல்லவரு. நான் நல்லவ இல்ல."

எவெரெட் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்றார். "செனட்டர் பேசலாம்னு சொல்றவங்க எழுந்து நில்லுங்க."

ப்ரூஸ்டர் தயவில் பாலம் கட்டிக்கொண்ட மாட்டுப்பண்ணைக்காரர்கள் முதலில் எழுந்தார்கள். ஒருவர் வாயை அடைப்பது அழகில்லை என்று சிலர் எழுந்தார்கள். கிளாடெட்டும் எழுந்தாள். வெர்னாவுக்கு அந்த நிமிஷம் அவளை அறையலாம் போலிருந்தது.

ஆனால் அதற்குமேல் எழுபவர்கள் குறைந்தார்கள். எந்தத் தீர்மானத்துக்கும் கை தூக்காத, பனி வாரும் வண்டி ஓட்டும் ஹெக்டர், எழப்போனவர் பக்கத்தில் இன்சுலினை மிச்சம் பிடித்துப் போட்டுக்கொள்கிற மனைவியைப் பார்த்தார். திரும்ப உட்கார்ந்து பூட்ஸ் சேற்றைச் சுரண்ட ஆரம்பித்தார். மருந்துக்கடைப் பெண் மடியிலிருந்த நூலைத் தேடினாள்.  மற்றவர்களும் வெறுமனே உட்கார்ந்திருந்தார்கள்.

எவெரெட் இரண்டு தடவை எண்ணினார். "போதல. மன்னிக்கணும் செனட்டர்."

"இது முறையில்ல எவெரெட்!" ப்ரூஸ்டரின் குரலில் தேன் வற்றியிருந்தது. "என்ன காரணம்னாவது சொல்லணும்ல?"

வெர்னா எழுந்தாள். "பரிசீலனை பண்ணிப் பாத்ததுல உங்க பேச்சு அவசியம்னு தெரியல சார். மேல்முறையீடு இருந்தா எழுத்துல கொடுங்க."

முதலில் சிரித்தது ஹெக்டரின் மனைவி. பிறகு ஜிம்மே சிரித்தது. அது சந்தோஷச் சிரிப்பு இல்லை. அதே வாசகம் அச்சடித்த கடிதம் வராத வீடு அந்த ஊரில் குறைவு. ப்ரூஸ்டர் போய்க் கடைசி வரிசையில், வெளியூர்க்காரர்களுக்குப் போட்டிருந்த நாற்காலியில், காதெல்லாம் சிவக்க உட்கார்ந்தார். வெர்னாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அதற்காக அவள் வெட்கப்படவில்லை.

சாப்பாட்டு இடைவேளையில் அவர் தட்டோடு வரிசையில் வந்தார். வெர்னா அவருக்கு நிறையவே பீன்ஸ் போட்டாள்.

"சாப்பிடுங்க சார். இதுக்கு யார் அனுமதியும் வேணாம்."

மத்தியானம் தீர்மானத்தைக் கிளாடெட் வாசித்தாள். அண்ணன் பெயரை அவள் சொல்லவே இல்லை. பாலம் கட்டிக்கொண்ட பண்ணைக்காரர் ஒருவர் வரி ஏறும் என்றார். "இப்ப மட்டும் சும்மாவா வைத்தியம் பாக்குறோம்?" என்றாள் மருந்துக்கடைப் பெண். அவசரம் வேண்டாம் என்று இனிக்க இனிக்கச் சொல்ல ஆள் இல்லை. எவெரெட் கேட்டதும் "ஆமாம்" என்ற குரலில் வளையத்து வலையே ஆடியது. காலையில் ப்ரூஸ்டருக்காக எழுந்து நின்றவர்களிலும் பாதிப்பேர் ஆமாம் என்றார்கள்.

கடைசியாக, வேறு ஏதாவது உண்டா என்று எவெரெட் கேட்டபோது வெர்னா கை தூக்கினாள். "செனட்டர் இப்ப பேசலாம் தலைவரே. எனக்கு ஆட்சேபணை இல்ல."

யாருக்குமே இல்லை. ப்ரூஸ்டர் வேகமாக மைக்குக்கு வந்தார். ஆனால் கூட்டம் முடிகிற நேரத்தில் அந்த ஊரில் உட்கார்ந்திருக்கிற வழக்கமில்லை. தன் நாற்காலியைத் தானே மடித்துச் சுவரோரம் அடுக்குவதுதான் வழக்கம். "நண்பர்களே" என்றார். படார், படார் என்று நாற்காலிகள் மடிந்தன. "நம்ம லூசியன்..." என்று ஆரம்பித்தவர் வெர்னாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மைக்கை வைத்துவிட்டு இறங்கி வந்தார். அருகில் கிடந்த நாற்காலியைக் குனிந்து எடுத்துக்கொண்டே தணிந்த குரலில் கேட்டார்.

"இப்ப திருப்திதானே? என்னதாம்மா வேணும் உங்களுக்கு?"

"டிராயர்ல இருக்கிறது வெளிய வரணும். இல்லேன்னா நவம்பர்ல ஓட்டு கேட்டு வருவீங்களே, அப்ப ஓடைக்கு இந்தப் பக்கம் மொத்தமும் ஆட்சேபணைதான்."

அவர் சுவரோரம் பார்த்தார். ஹெக்டரும் மருந்துக்கடைப் பெண்ணும் அடுக்குவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிளாடெட்டும்தான்.

"அடுத்த வாரம் குழுவுல வைக்கிறேன்," என்று முனகிவிட்டு நாற்காலியை மடிக்கப் போனார்.

வெர்னா அதை அவர் கையிலிருந்து வாங்கினாள்.

"விடுங்க சார். இது ஊர்க்காரங்க வேல. முதல்ல அந்த மசோதாவ எடுத்துட்டு வாங்க. அப்பறம் நாற்காலி மடிக்க விடலாமான்னு பரிசீலிக்கிறோம்."